இருநூறு கிலோமீட்டருக்கு எத்தனை இட்லி?

சென்னையின் மேற்குப் புறநகருக்குச் சைக்கிள் அந்நியமில்லை. 1949-இல் முருகப்பா குழுமம் இங்கிலாந்து நிறுவனம் ஒன்றோடு கைகோத்து டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கியது, ஆலை எழுந்த இடம் அம்பத்தூர். சில ஆண்டுகளில் ஆவடியில் உருக்குக் குழாய் ஆலையும் வந்தது. ஊர் ஊராகப் பால் கேனும் புல்லுக்கட்டும் சுமந்த ஹெர்குலிஸ் வண்டிகளில் எத்தனையோ இந்தப் பக்கத்தில் பிறந்தவைதான்.

இன்று அம்பத்தூர், ஆவடி வழியே திருவள்ளூருக்குப் போகும் சி.டி.எச். சாலையில் சனி, ஞாயிறு விடிவதற்குள் வேறு வகை ஆட்கள் மிதித்துக்கொண்டு போகிறார்கள். ஹெல்மெட், ஒளிரும் பட்டை வைத்த மேல்சட்டை, பின்னால் சிமிட்டும் சிவப்பு விளக்கு. பட்டாபிராம், திருநின்றவூர், திருவள்ளூர் என்று போய்க்கொண்டே இருப்பார்கள். எங்கே போகிறீர்கள் என்று டீக்கடையில் யாராவது கேட்டால், "திருத்தணி வரைக்கும்" என்பார்கள், பக்கத்துத் தெருவுக்குப் போவதைப்போல. இவர்களில் பலர் பி.ஆர்.எம். ஓட்டத் தயாராகிறவர்கள். வார நாட்களில் கணினி முன்னாலோ கடையிலோ வகுப்பறையிலோ இருப்பவர்கள்; தொழில்முறை வீரர்கள் அல்லர்.

பி.ஆர்.எம். என்பது நெடுந்தூரச் சைக்கிள் பயணத்துக்கான உலகப் பொதுவிதி. 1904-இல் தொடங்கிய ஓடாக்ஸ் கிளப் பாரிசியன் என்ற பிரெஞ்சு அமைப்பு இதை நடத்துகிறது. இந்தியாவில் ஓடாக்ஸ் இந்தியா ரேண்டன்னர்ஸ் கவனித்துக்கொள்கிறது. 200 கிலோமீட்டரை 13½ மணி நேரத்தில் முடிக்க வேண்டும். 300-க்கு 20 மணி, 400-க்கு 27, 600-க்கு 40. இந்த நான்கையும் ஒரே பருவத்தில் முடித்தவர் 'எஸ்.ஆர்.', அதாவது சூப்பர் ரேண்டன்னர். வழியில் குறித்த இடங்களில் அட்டையில் முத்திரை வாங்க வேண்டும். ஆளில்லாத இடம் என்றால் ஏ.டி.எம். சீட்டோ பெட்ரோல் பங்க் ரசீதோ சாட்சி. டயர் பஞ்சரானால் தானேதான் ஒட்ட வேண்டும். பின்னால் கார் வைத்துக்கொண்டு வரக் கூடாது. எட்டு மணி நேரத்தில் வந்தவருக்கும் கடைசி நிமிடத்தில் வந்தவருக்கும் பட்டியலில் ஒரே மதிப்பு. முதலிடம் என்று ஒன்று கிடையவே கிடையாது.

அந்த நேர வரம்புகளை வகுத்துப் பாருங்கள். 200, 300, 400, 600 எதுவானாலும் மணிக்குச் சுமார் 15 கிலோமீட்டர்தான் வருகிறது. மார்க்கெட்டுக்குப் போகிறவர் மிதிக்கும் வேகம். அப்படியானால் இதில் கடினம் எங்கே இருக்கிறது? வெகு தூரம் ஓட்டுவதைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் இந்தக் கேள்விக்கான விடைதான்: கால்பலம் இதில் சின்னப் பங்கு. எரிபொருள், வெப்பம், தூக்கம் என்று உடம்பு எழுதும் மூன்று கணக்குகளில் எதுவும் கடனில் மூழ்காமல் பார்த்துக்கொள்வதே பெரிய வேலை. மூன்றுக்கும் சாவி, மெதுவாகப் போவது.

காற்றிலிருந்து தொடங்கலாம். சமதளத்தில் சைக்கிள்காரரின் முதல் எதிரி காற்று. அது தடுக்கும் விசை வேகத்தின் இருமடிப்படி ஏறுகிறது; அதை எதிர்க்கத் தேவையான திறன் மும்மடிப்படி. 70 கிலோ மனிதர், வண்டியும் மூட்டையும் 15 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 20 கிலோமீட்டரில் போக, டயரின் உராய்வையும் சேர்த்து, சுமார் 70 வாட் போதும். 30-இல் போக சுமார் 175 வாட் வேண்டும். வேகம் ஒன்றரை மடங்கு, செலவு இரண்டரை மடங்கு.

சரி, வேகமாகப் போனால் சீக்கிரம் முடிந்துவிடுமே, மொத்தத்தில் சமமாகாதா? ஆகாது. நம் தசைகள் உணவின் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேலேதான் மிதியாக மாற்றுகின்றன. அதையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், 200 கிலோமீட்டரை 20 வேகத்தில் கடக்கச் சுமார் 2,600 கலோரி. 30 வேகத்தில் கடக்கச் சுமார் 4,500. ஓர் இட்லிக்கு 50 கலோரி என்று பிடித்தால், முதலாமவருக்கு ஐம்பது இட்லிக்குக் கொஞ்சம் மேலே, இரண்டாமவருக்குத் தொண்ணூறு. அதே சாலை, அதே ஆள், அதே வண்டி. மூன்று மணி இருபது நிமிடத்தை மிச்சம் பிடிக்க ஏறக்குறைய நாற்பது இட்லி கூடுதல் விலை. இதை முதன்முதலில் தாளில் போட்டுப் பார்த்தபோது எனக்கு நம்பவே முடியவில்லை.

ஐம்பது இட்லியைச் சாப்பிட்டுவிட்டு யாரும் சைக்கிள் ஓட்ட முடியாது. உடம்பு அப்படிக் கேட்கவும் இல்லை. நம்மிடம் இரண்டு சேமிப்புகள் உண்டு. தசையிலும் கல்லீரலிலும் கிளைக்கோஜன் என்ற மாவுச்சத்துச் சேமிப்பு. அரைக் கிலோவுக்குள், 2,000 கலோரிக்கு மேல் போகாது. இன்னொன்று கொழுப்பு. ஒல்லியானவரிடம்கூடப் பல்லாயிரம் கலோரி கொழுப்பு இருக்கும்; ஆவடியிலிருந்து கன்னியாகுமரிக்குப் போய்த் திரும்பினாலும் தீராது. சிக்கல் என்னவென்றால், கொழுப்பு மெதுவாகத்தான் எரியும். மூச்சு வாங்காமல் பேசிக்கொண்டே மிதிக்கும் வேகத்தில் செலவில் பெரும்பகுதியைக் கொழுப்பு தந்துவிடும். வேகத்தைக் கூட்டக் கூட்ட உடம்பு கிளைக்கோஜன் பக்கம் சாய்கிறது. ஆக வேகமாகப் போகிறவர் இரண்டு விதத்தில் இழக்கிறார்: செலவும் அதிகம், செலவாவதும் சின்னப் பெட்டியிலிருந்து.

அந்தப் பெட்டி காலியாவதை ஓட்டிகள் 'பாங்க்' என்கிறார்கள். வாலாஜாபேட்டை தாண்டித் திரும்பும் வழியில், கூட வந்த நண்பர் ஒருவருக்கு இது வந்ததைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். அதுவரை சிரித்துப் பேசி வந்தவர், சும்மா இருந்த கியரைத் திட்ட ஆரம்பித்தார். பிறகு பேச்சே இல்லை. கை நடுங்கியது, நெற்றியில் குளிர்ந்த வியர்வை. பாலத்தின் ஏற்றத்தில் இறங்கி வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். காலில் பிழை இல்லை. மூளைக்குச் சர்க்கரை போகவில்லை. மூளை தசையைப்போலக் கொழுப்பை நேரடியாக எரித்துப் பிழைக்காது, குளுக்கோஸ்தான் அதன் அன்றாடப் பிழைப்பு. அது குறைந்தால் முதலில் மாறுவது மனநிலை. இரண்டு வாழைப்பழமும் சர்க்கரை தூக்கலாக ஒரு டீயும் உள்ளே போன கால்மணி நேரத்தில் பழைய ஆளாகிவிட்டார்.

ஏன் முன்பே சாப்பிடக் கூடாது? சாப்பிடலாம், ஆனால் குடலுக்கும் வாசல் உண்டு. குளுக்கோஸை மணிக்குச் சுமார் 60 கிராம்தான் அது உள்ளே விடும். பழச்சர்க்கரையான ஃபிரக்டோஸுக்கு வேறு வாசல். இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் 90 கிராம் வரை போகும். வெல்லத்தில் இரண்டும் இணைந்த சர்க்கரை இருக்கிறது. பெட்டிக்கடைக் கடலை மிட்டாய், விலை உயர்ந்த ஜெல் பாக்கெட்டுகள் செய்யும் அதே வேலையைச் செய்துவிடுகிறது, வாசத்தோடு. ஆனால் அடித்து மிதித்தால் ரத்தம் தசைக்கும் தோலுக்கும் ஓடிவிடும், குடல் வறண்டு கிடக்கும். சாப்பிட்டது வயிற்றிலேயே நின்று குமட்டும். இங்கேயும் மெதுவாகப் போகிறவருக்கே சோறு செரிக்கிறது.

அடுத்தது வெப்பம். சென்னையில் ஓட்டுகிறவர்களின் பாடு இதில்தான் மற்ற ஊர்க்காரர்களிடமிருந்து வேறுபடுகிறது. உணவில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேலேதான் மிதியாகிறது என்றால், மீதியெல்லாம் சூடு. மணிக்கு 25 கிலோமீட்டரில் போகும் உடம்பு 400 வாட் வரை வெப்பத்தை வெளியே தள்ள வேண்டும். நிழலிலேயே காற்று 36, 37 டிகிரி இருக்கும்போது அதைத் தள்ள ஒரே வழி வியர்வை. ஒரு லிட்டர் வியர்வை ஆவியாகும்போது கிட்டத்தட்ட 580 கலோரி வெப்பத்தைக் கொண்டுபோகிறது. அப்படிப் பார்த்தால் மணிக்கு அரை லிட்டருக்குக் கொஞ்சம் மேலே போதும். ஆனால் வியர்வை ஆவியானால்தான் குளிர்ச்சி. சொட்டிக் கீழே விழுந்தால் தண்ணீரும் உப்பும் நஷ்டம், சூடு அப்படியே உள்ளே. நம் ஊர்ப் புழுக்கத்தில் பெரும்பகுதி சொட்டித்தான் போகிறது.

இதைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் அம்பத்தூர் எஸ்டேட் சிக்னலில் நில்லுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்வரை உலர்ந்த முகத்தோடு வந்த ஓட்டி, வண்டி நின்ற அரை நிமிடத்தில் குளித்தவர்போல ஆகிவிடுவார். நின்றதும் புதிதாக வியர்க்கவில்லை. அவ்வளவு நேரமும் அதே அளவுதான் வியர்த்தது. அவருடைய வேகமே உண்டாக்கிய காற்று அதை வாங்கிக்கொண்டிருந்தது, இப்போது அது இல்லை.

வியர்வையோடு ரத்தத்தின் நீர்ப்பகுதி குறையும். இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் குறைவாகத் தள்ளுவதால் அடிக்கடி துடிக்க வேண்டிவரும்; காலையில் 130 துடிப்பில் போன வேகத்துக்கு மதியம் 150 தேவைப்படும். பயந்து வெறும் தண்ணீராகக் குடித்துத் தள்ளுவதும் ஆபத்து. 2002 பாஸ்டன் மாரத்தானில் ஓடியவர்களில் 488 பேரின் ரத்தத்தைச் சோதித்தபோது, 13 சதவீதத்தினரிடம் சோடியம் இயல்புக்குக் கீழே இருந்தது. ஓடிக்கொண்டே அதிகம் குடித்து எடை கூடியவர்களிடம் அது கூடுதலாகக் காணப்பட்டது. நமது இளநீரைப் பற்றியும் இந்த இடத்தில் சொல்ல வேண்டும். அருமையான பானம்தான், பொட்டாசியம் நிறைய இருக்கிறது. ஆனால் வியர்வையில் முக்கியமாகப் போவது சோடியம், அது இளநீரில் குறைவு. உப்புப் போட்ட நீர்மோர் இந்தக் கணக்குக்குச் சரியாகப் பொருந்துகிறது. கறுப்புச் சட்டையில் மதியத்துக்குள் வெள்ளை வெள்ளையாக வரி வரியாகப் படிகிறதே, அந்த உப்பைத்தான் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

இதில் ஓர் அதிசயம். பத்துப் பதினான்கு நாள் தொடர்ந்து வெயிலில் பழகினால் உடம்பு தன்னை மாற்றிக்கொள்கிறது. ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடுகிறது, வியர்வை சீக்கிரமே தொடங்குகிறது, அதில் உப்பு குறைகிறது. போகும் சோடியத்தை வியர்வைச் சுரப்பியே பாதி வழியில் மீட்டு உள்ளே இழுத்துக்கொள்கிறது. யாரும் சொல்லித்தராமல் உடம்பு கற்கும் சிக்கனம் இது.

மேற்குப் புறநகருக்கென்று ஒரு சோதனையும் உண்டு. ஜூன், ஜூலையில் காலையில் நிலத்திலிருந்து மேல்காற்று வீசும். மதியத்துக்கு மேல் கடற்காற்று கிழக்கிலிருந்து உள்ளே வரும். பூந்தமல்லியிலிருந்து வேலூர்ச் சாலையில் காலையில் கிளம்புகிறவருக்குப் போகும்போதும் எதிர்க்காற்று, சாயங்காலம் திரும்பும்போதும் எதிர்க்காற்று. 15 கிலோமீட்டர் வேகக் காற்று முகத்தில் அடித்தால், 70 வாட்டில் போன அதே 20 வேகத்துக்கு ஏறக்குறைய 150 வாட் வேண்டும். அனுபவசாலிகள் அந்த நேரத்தில் வேகத்தை விட்டுக்கொடுப்பார்கள், மிதிக்கும் பலத்தைக் கூட்ட மாட்டார்கள். ஸ்ரீபெரும்புதூர் வரை கடற்காற்றின் குளுமை முகத்தில் படுவது வேறு சுகம், தாமதமானாலும் மன்னித்துவிடலாம்.

தூக்கத்துக்கு வருவோம். 200, 300 வரை முதல் இரண்டு கணக்குகளோடு சமாளிக்கலாம். 600 என்றால் ஓர் இரவு முழுதாகக் குறுக்கே நிற்கும். விழித்திருக்கும் ஒவ்வொரு மணியும் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்கிறது. அதுதான் தூக்கத்தின் பாரம். காபியிலுள்ள கஃபீன் அது உட்கார வேண்டிய இடத்தில் தான் போய் உட்கார்ந்துகொள்கிறது, அவ்வளவே, பாரம் குறைவதில்லை. இன்னொரு பக்கம் உடம்பின் நாள்கடிகாரம், பின்னிரவில் உடல் வெப்பத்தைத் தாழ்த்துகிறது. இரண்டும் ஒன்றுசேரும் நேரம் அதிகாலை மூன்றிலிருந்து ஐந்து. கண் திறந்தபடியே மூளை சில விநாடிகள் அணைந்து எரியும். 20 வேகத்தில் மூன்று விநாடி என்றால் 16 மீட்டருக்கு மேல், ஓட்டுநர் இல்லாத வண்டி. விளக்கில்லாமல் ஓரத்தில் நிறுத்திய லாரிகள் உள்ள நெடுஞ்சாலையில் அது உயிர்க்கணக்கு. புளியமரம் மனிதர் நிற்பதுபோலத் தெரிய ஆரம்பித்தால் அதற்கு மேல் ஒரு மிதிகூட மிதிக்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

1891-இல் முதல் பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் பந்தயத்தில் சார்ல் தெரோன் ஏறக்குறைய 1,200 கிலோமீட்டரை 71 மணி 22 நிமிடத்தில் தூங்காமல் முடித்தார். இன்று நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை அதே பெயரில் நடக்கும் பயணத்துக்கு 90 மணி நேரம் வரை தருகிறார்கள். நம் 600-இலும் 20 வேகத்தில் மிதித்தால் 30 மணி, வரம்பு 40. அந்தப் பத்து மணியில் சாப்பாடும் முத்திரையும் பஞ்சரும் போக மிஞ்சுவதைத் தூக்கத்துக்கு வைக்கலாம். பெட்ரோல் பங்க் ஓரம், பஸ் நிழற்குடை, கோயில் மண்டபம், எங்கே வேண்டுமானாலும். ஒரு காபியைக் குடித்துவிட்டு உடனே இருபது நிமிடம் படுப்பவர்கள் விவரம் தெரிந்தவர்கள்: அந்தக் குட்டித்தூக்கம் அடினோசினைக் கொஞ்சம் கரைக்கும், எழும்போது கஃபீன் சரியாக வேலையைத் தொடங்கியிருக்கும்.

ஆசைப்படுகிறவர்கள் முதல் 200-ஐ டிசம்பர் கடைசியிலோ ஜனவரியிலோ வைத்துக்கொள்ளுங்கள். மழை ஓய்ந்து, வெப்பக்கணக்கு இலேசாக இருக்கும் காலம். விலை உயர்ந்த வண்டி வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். காற்றுத் தடையில் பெரும்பங்கு உட்கார்ந்திருக்கும் உடம்பினுடையது, வண்டியினுடையது அல்ல. விதியும் மனித பலத்தில் ஓடும் எந்த வண்டியையும் ஏற்கிறது. முன்விளக்கு, பின்விளக்கு, ஒளிரும் மேல்சட்டை ஆகியவற்றில் மட்டும் காசு பார்க்காதீர்கள். சட்டைப்பையில் கடலை மிட்டாய், ஒரு சின்னப் பொட்டலத்தில் உப்பு. பக்கத்தில் வருகிறவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா என்று அவ்வப்போது பார்த்துக்கொள்ளுங்கள். முடியாவிட்டால் வேகத்தைக் குறையுங்கள்.