காகிதத்துக்கு வயதேற்றும் கலை

மேசையைச் சுற்றி நாலைந்து பேர் அமர்ந்து, ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, பேச்சாலும் பகடை உருட்டலாலும் கதையை நகர்த்திச் செல்லும் ‘ரோல்பிளேயிங்’ ஆட்டங்களில், கண்ணுக்குத் தெரியாத அந்தக் கதையுலகிலிருந்து கைக்கு வந்து சேரும் ஒரே பொருள் பெரும்பாலும் ஒரு துண்டுக் காகிதமாகவே இருக்கிறது. ஆட்டத்தை நடத்துபவர் உரிய தருணத்தில் நீட்டும் கடிதம், தந்தி, நாளிதழ் நறுக்கு, வரைபடம் ஆகியவற்றை ‘ஹேண்ட்அவுட்’ என்பார்கள். அவற்றைப் பழையவைபோல் தோன்றச் செய்வது தனியொரு கைவேலையாகவே வளர்ந்திருக்கிறது. அந்த வேலையில் கைதேர்ந்தவர்களும் சறுக்குவது, எந்தத் தாள் எவ்வளவு பழுக்க வேண்டும் என்னும் கணக்கில்தான்.

சாண்டி பீட்டர்சன் வடிவமைத்து, அமெரிக்காவின் கேயாசியம் நிறுவனம் 1981இல் வெளியிட்ட ‘கால் ஆஃப் கதூலு’ இவ்வகை ஆட்டங்களில் காகிதத்தை மிகுதியும் நம்பியிருப்பது. அதன் மூலமான எச்.பி. லவ்கிராஃப்டின் சிறுகதை 1928இல் ‘வியர்ட் டேல்ஸ்’ இதழில் வெளிவந்தது. இறந்துபோன பேராசிரியர் ஒருவரின் குறிப்புகளையும் நறுக்குகளையும் வைத்தே நகரும் அக்கதையில், முக்கியமான தடயம் நியூஜெர்சியின் அருங்காட்சியகம் ஒன்றில், அலமாரியில் வைத்திருந்த கற்களுக்கு அடியில் விரித்துப் போட்டிருந்த ஆஸ்திரேலியப் பழைய பத்திரிகைத் தாளிலிருந்து கிடைக்கிறது. அந்தத் தாளைச் செய்ய முனைபவர், அது கல்லின் கனத்தில் நசுங்கியதையும், கல் மறைத்த இடம் வெளுத்தும் மறைக்காத இடம் வெயிலும் தூசியும் பட்டு மங்கியும் இருக்கும் என்பதையும் முதலில் எண்ணிப் பார்க்க வேண்டும். சாயமேற்றத் தேநீரைக் கொதிக்க வைப்பது அதற்குப் பிறகான வேலை.

காகிதம் பழுப்பதற்குக் காரணம் அது எதனால் ஆனது என்பதில் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை ஐரோப்பியத் தாள்கள் பெரும்பாலும் லினன், பருத்திக் கந்தல்களிலிருந்து செய்யப்பட்டதால், முந்நூறு ஆண்டுகள் கடந்தும் அவற்றுள் பல இன்னும் வெளிறிய நிறத்திலேயே நிற்கின்றன. பிறகு வந்த மரக்கூழ்த் தாளில் மரத்துக்கு உறுதி தரும் ‘லிக்னின்’ என்னும் பொருள் தங்கிவிடுகிறது. ஒளியும் காற்றும் பட்டால் அது விரைவில் மஞ்சளித்துவிடும். ஆகவே 1690ஆம் ஆண்டுச் சூனியக்காரியின் கடிதத்தை அடர்பழுப்பாக்கி, 1925ஆம் ஆண்டு நாளிதழை வெள்ளையாக விட்டுவைப்பது உண்மையைத் தலைகீழாக்குவதாகும். அச்சிடாத செய்தித்தாள் காகிதம் கிடைத்தால், அதைச் சில நாள் மொட்டைமாடி வெயிலில் காயவிட்டாலே போதும். எந்தச் சாயமும் தராத இயல்பான மஞ்சளை அது தானே பெற்றுக்கொள்ளும்.

சாதாரண ஏ4 தாளுக்குத் தேநீரே எளிய சாயம். தேயிலையில் உள்ள துவர்ப்புப் பொருளான ‘டானின்’ நாரில் ஊறிப் பிடித்துக்கொள்கிறது. பாலும் சர்க்கரையும் சேர்ந்துவிட்டால் தாள் பிசுபிசுத்து எறும்பு மொய்க்கும் என்பதால் வெறுஞ்சாறே ஏற்றது. லேசர் அச்சின் மை பிளாஸ்டிக் தூள் உருகி ஒட்டியதாகையால் நனைத்தாலும் கலையாது. இங்க்ஜெட் மையோ பெரும்பாலும் நீரில் கரைந்தோடிவிடும் என்பதால், அங்கே தாளை முதலில் சாயமேற்றி, உலர்த்தி, இஸ்திரி போட்டுச் சமன்படுத்திய பிறகே அச்சிட வேண்டும். இத்தனையிலும் பலர் செய்யும் தவறு, தாளைக் கசக்கி முழுதாக முக்கியெடுப்பது. கசங்கிய இடங்களில் நார் உடைந்து சாறு கூடுதலாக ஏறுவதால், தாள் முழுதும் நரம்போடியதுபோல் கருங்கோடுகள் தோன்றும். எந்தப் பெட்டியிலும் கிடந்த எந்தப் பழைய கடிதத்திலும் அத்தகைய கோலத்தைக் காண்பது அரிது.

ஈரம் ஏறிய தாளின் உண்மையான அடையாளம் வேறு. உலர்ந்த தாளின் கீழ்விளிம்பை மட்டும் தட்டில் ஊற்றிய தேநீரில் தொடும்படி நிறுத்தி வைத்தால், சாறு நார்வழியே மெல்ல மேலேறி, உலரும் எல்லையில் கரைபொருளையெல்லாம் ஒதுக்கித் தள்ளிவிட்டு நிற்கும். அங்கே படியும் மெல்லிய கரும்பழுப்பு வளைகோடு, ஒழுகும் கூரையின் கீழ் வைத்த புத்தகங்களில் காணப்படும் அதே கோடுதான். தேநீரில் நனைந்த தாளின் மூலையில் இரும்புக் குண்டூசி ஒன்றைக் குத்தி ஓரிரவு விட்டால், டானினும் இரும்பும் கூடி, ஊசி இருந்த இடத்தில் கருநீலத் தழும்பு விழுகிறது. இது ஐரோப்பாவில் நூற்றாண்டுக் கணக்கில் வழங்கிய எழுதுமையின் வேதியியலே ஆகும்: நம் நாட்டு மருந்துக் கடைகளில் மாசிக்காய் என விற்கும் கருவாலி மரத்து முடிச்சையும் அன்னபேதி எனப்படும் இரும்பு உப்பையும் கூட்டியே அந்த மையைக் காய்ச்சினார்கள். எழுதும்போது வெளிறியிருந்து காற்றுப்பட்டுக் கறுக்கும் அந்த மை, காலப்போக்கில் பழுப்பாகி, தாளையே அரித்துத் தின்னவும் செய்யும்.

எழுத்துரு இன்னொரு பொறி. லண்டன் ‘தி டைம்ஸ்’ நாளிதழுக்காக உருவான டைம்ஸ் நியூ ரோமன் 1932இல்தான் அச்சேறியது. தட்டச்சைக் குறிக்கப் பலரும் எடுக்கும் கூரியர் எழுத்து 1950களில் ஐபிஎம் நிறுவனத்துக்காக வரையப்பட்டது. 1925ஆம் ஆண்டுச் செய்தி இவ்விரண்டில் எதில் வந்தாலும், எவ்வளவு தேநீர் ஊற்றினாலும் அதன் பொய் தெரிந்துவிடும். நறுக்கின் பின்பக்கம் வெறுமையாக இருப்பது அதைவிடப் பெரிய பிழை. பாதியில் வெட்டுண்ட சோப்பு விளம்பரம் ஒன்று அங்கே இருந்தால், ஆட்டக்காரர்கள் அதிலும் துப்புத் தேடி அரைமணி நேரத்தைப் போக்குவார்கள் என்பது வேறு விஷயம்.

நான்கு விளிம்பையும் மெழுகுவர்த்தியில் கருக்குவது இக்கலையின் மலிவான பழக்கம்; தீயில் சிக்கிய தாள் எரிந்துபோகுமே தவிர, சட்டம் போட்டதுபோல் சுற்றிலும் சீராகக் கருகுவதில்லை. சில தாள்களுக்கு முதுமையே தேவையில்லை. ‘கால் ஆஃப் கதூலு’வுக்காக லாரி டிட்டிலியோவும் லின் வில்லிஸும் எழுதி 1984இல் வெளிவந்த ‘மாஸ்க்ஸ் ஆஃப் நயார்லதோட்டெப்’ என்னும் நெடுங்கதை ஆட்டம், 1925 ஜனவரியில் நியூயார்க்கில் தொடங்குகிறது. 1919இல் புறப்பட்ட ஆய்வுப் பயணம் ஒன்றைப் பற்றிய தாள்களுக்கு அப்போது ஆறு வயதே ஆகியிருக்கும் என்பதால், அவற்றுக்கு மடிப்புத் தேய்வும் விரலழுக்கும் போதுமானவை. அதே ஆட்டத்தில் கொலையுண்ட ஒருவரின் அறையில் கிடைக்கும் ஷாங்காய் மதுக்கடைத் தீப்பெட்டிக்குத் தேநீர் வேண்டியதே இல்லை. உள்ளே இரண்டொரு குச்சிகள் குறைந்திருந்தால் போதும்.