தேநீரோடு ஒரு சீஸ் விருந்து



வைனும் சீஸும் வைத்து நண்பர்களை உபசரிப்பது மேலைநாட்டு வழக்கம். மதுக்கடைகள் மூடியிருக்கும் போயா தினத்தில், பிள்ளைகளும் கூட இருக்க, கிருலப்பனை மாடிவீட்டிலும் அப்படியொரு விருந்து வைக்கலாம். வைனுக்குப் பதில் நம் நாட்டுத் தேநீர் போதும்.

சிவப்பு வைனைப் போலவே பிளேன்டீயிலும் நாக்கைத் துவர்க்க வைக்கும் பொருட்கள் உண்டு. சீஸிலுள்ள புரதமும் கொழுப்பும் அந்தத் துவர்ப்பைத் தணிக்கின்றன. சூடான தேநீர் வாயில் சீஸை இளக்கி, அதன் மணத்தை எழுப்புகிறது.

இதமான நுவரெலியாத் தேயிலைக்கு மென்மையான கிரீம் சீஸ் பொருந்தும். மணம் தூக்கலான ஊவாத் தேயிலைக்கு நன்கு முதிர்ந்த செடார் சீஸ் ஈடுகொடுக்கும். பாலும் சீனியும் சேர்க்க வேண்டாம்.

சில்லிட்ட சீஸில் ருசி தெரியாது. அரை மணி நேரம் முன்பே பிரிட்ஜிலிருந்து எடுத்து வையுங்கள். ஆனால் கொழும்பு வெக்கையில் 2 மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்கக் கூடாது. கூடவே கிரீம் கிரக்கர் பிஸ்கட், சந்தையில் வாங்கிய அன்னாசித் துண்டுகள், வறுத்த கஜு இருந்தால் தட்டு நிறைந்துவிடும். இலேசான சீஸில் தொடங்கி, காட்டமானதைக் கடைசியில் கொடுங்கள்.

சைவக்காரர் வருகிறார்களா? வாங்கும்போதே லேபிளைப் பாருங்கள். பாலைத் திரைய வைக்கும் ரெனெட், சில சீஸ்களில் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கப்படுகிறது. நுண்ணுயிர் ரெனெட் என்று போட்டிருந்தால் அவர்களுக்கும் மனநிறைவோடு பரிமாறலாம்.