எஸ்டிஆர் கடனை அடைக்கிறது, சாரா அரிசி வாங்குகிறது: தோட்டப்புற வீடுகளில் உதவித் தொகை செய்யும் வேலை

குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு அரசாங்கம் நேரடியாகப் பணம் கொடுக்கும் வழக்கம் 2012-இல் பிரிம் திட்டத்தோடு தொடங்கியது. மாதம் 3,000 ரிங்கிட்டுக்கு மேற்போகாத வருமானமுள்ள குடும்பத்துக்கு அன்று 500 ரிங்கிட் கிடைத்தது. ஆட்சிகள் மாற, திட்டத்தின் பெயரும் பல முறை மாறியது. 2023 முதல் அது எஸ்டிஆர் எனப்படும் ரஹ்மா ரொக்க உதவித் தொகை. ஆனாலும் பலர் வாயில் இன்றும் அது 'பிரிம் காசு'தான்.

பெயர் மாற்றத்தைவிடப் பெரிய மாற்றம், உதவி இப்போது இரண்டு வடிவங்களில் வருவது. எஸ்டிஆர் ரொக்கமாக வருகிறது. ஆண்டுக்குச் சில கட்டங்களாக வங்கிக் கணக்கில் சேரும்; கணக்கு இல்லாதவர்கள் பிஎஸ்என் வங்கியில் நேரில் பெறலாம். சாரா உதவியோ மைகார்டில் வரவு வைக்கப்படுகிறது. அதைக் கையில் எடுக்க முடியாது. பதிவு பெற்ற கடைகளில் அரிசி, முட்டை, சமையல் எண்ணெய், மாவு, சவர்க்காரம் போன்ற அடிப்படைப் பொருள்களை வாங்க மட்டுமே அது உதவும். சுமார் 7 லட்சம் பேருக்குக் கிடைத்து வந்த சாரா, 2025 ஏப்ரல் முதல் மாதம் 100 ரிங்கிட் என எஸ்டிஆர் பெறும் 54 லட்சம் பேருக்கு விரிவுபடுத்தப்பட்டது.

எப்படி வந்தாலும் பணம் பணம்தானே என்று தோன்றும். வீட்டுக்குள் வந்த பிறகு இரண்டும் ஒரே வேலையைச் செய்வதில்லை.

மூன்று பிள்ளைகள், மாத வருமானம் 2,500 ரிங்கிட்டுக்குள் என்றால் அந்தக் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 2,000 ரிங்கிட் எஸ்டிஆர் உண்டு. மாதத்துக்குப் பிரித்தால் 167 ரிங்கிட்கூட இல்லை. ஆனால் அது மாதாமாதம் வருவதில்லை. சில நூறு ரிங்கிட்டாகத் திரண்டு வருகிறது. தோட்டப்புறத்தில் அந்தத் திரட்சிக்குத்தான் மதிப்பு. மழை பெய்தால் பால்வெட்டு இல்லை. குலை குறைந்த மாதத்தில் செம்பனை வெட்டுபவரின் சம்பளமும் குறையும். அந்த மாதங்களில் மளிகைக்கடையின் சின்ன 555 புத்தகத்தில் பற்று ஏறிக்கொண்டே போகும். கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தால் வட்டம் முடியாது. மொத்தமாக ஒரு தொகை வந்தால்தான் பற்றை முடித்துவிட்டுப் புதுப் பக்கம் திருப்ப முடியும். அடகில் இருக்கும் நகையை மீட்பதும், மோட்டார் சைக்கிளுக்கு டயர் மாற்றுவதும், சாலை வரி கட்டுவதும் அப்படித்தான்.

நம்மவர்கள் கூட்டு பிடித்ததும் இதே தேவைக்குத்தான். சிறுகச் சேர்க்கும் காசு வீட்டில் தங்காது என்பதால் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு முறை வைத்து ஒருவர் மொத்தமாக எடுப்பார்கள். அதைத் தடை செய்த 1971-ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஆங்கிலப் பெயரிலேயே 'கூட்டு' என்ற தமிழ்ச் சொல் இருக்கிறது.

கென்யாவில் இந்த வேறுபாட்டைச் சோதித்தே பார்த்தார்கள். 'கிவ் டைரக்ட்லி' அமைப்பு அங்கு ஏழைக் கிராமக் குடும்பங்களுக்கு நிபந்தனையின்றிப் பணம் கொடுத்தது. சிலருக்கு மாதாமாதம், சிலருக்கு மொத்தமாக. ஜோஹன்னஸ் ஹவுஷோஃபர், ஜெரமி ஷப்பீரோ இருவரும் 2016-இல் வெளியிட்ட ஆய்வின்படி, மாதாமாதம் பெற்றவர்கள் வீட்டில் சாப்பாட்டு நிலை மேம்பட்டது. மொத்தமாகப் பெற்றவர்கள் தகரக் கூரை போன்ற நீடித்த பொருள்களில் அதிகம் போட்டார்கள். நம் நாட்டு எஸ்டிஆரையும் சாராவையும் புரிந்துகொள்ள இது நன்றாகவே உதவுகிறது. சாரா அடுப்படியைக் கவனிக்கிறது. அதனால் சம்பளத்தில் மிஞ்சும் 100 ரிங்கிட் பஸ் கட்டணத்துக்கோ மின்கட்டணத்துக்கோ போகிறது.

"கையில் காசு கொடுத்தால் குடித்தே தீர்ப்பார்கள்" என்ற பேச்சு தோட்டத்திலும் உண்டு, பட்டணத்திலும் உண்டு. பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த உலக வங்கி ஆய்வாளர்கள் டேவிட் எவன்ஸ், அன்னா போபோவா ஆகியோர், இத்தகைய உதவியால் மது, புகையிலைச் செலவு பொதுவாகக் கூடவில்லை என்றே கண்டார்கள். ஆனால் குடிக்கிற கணவனைக் கட்டிக்கொண்டு மாரடிக்கும் பெண்ணுக்கு இந்தச் சராசரிக் கணக்கால் ஆறுதல் இல்லை. அவருக்கு முக்கியம் பணம் யார் பெயரில் வருகிறது என்பதே. மெக்சிகோ 1997-இல் 'ப்ரோக்ரெசா' திட்டத்தைத் தொடங்கியபோதே பணத்தைத் தாய்மாரிடம் கொடுத்தது. இங்கே கணவன் மனைவி சேர்ந்து ஒரே குடும்பமாகத்தான் எஸ்டிஆருக்கு மனு செய்ய முடியும். பணம் மனுதாரரின் கணக்குக்குப் போகும். கணவர் வீட்டை விட்டுப் போய், விவாகரத்தும் பதிவாகாத நிலையில் சிக்கல் பெரிது.

வருமான வரம்பிலும் ஒரு முடிச்சு உண்டு. குறைந்தபட்சச் சம்பளம் 2025-இல் 1,700 ரிங்கிட்டாக உயர்ந்தது. ஒருவர் மட்டும் அந்தச் சம்பளத்தில் இருந்தால் குடும்பம் 2,500 ரிங்கிட் வரம்புக்குள் நிற்கும். மனைவியும் அதே சம்பளத்துக்கு வேலைக்குப் போனால் வருமானம் 3,400 ரிங்கிட். உடனே அடுத்த பிரிவு. மூன்று பிள்ளைகளுக்கான 2,000 ரிங்கிட் பாதியாகி 1,000 ஆகிவிடும். இதற்காக யாரும் வேலையை விடமாட்டார்கள். ஆனால் 2,450-க்கும் 2,550-க்கும் இடையில் நிற்பவருக்கு அந்த 100 ரிங்கிட் சம்பள உயர்வு மகிழ்ச்சி தராது.

சாராவில் தூரம்தான் தொல்லை. பதிவு பெற்ற கடைகள் பட்டணத்தில் அடுத்தடுத்து இருக்கும். தோட்டத்து உள்ளே இருக்கும் சின்னக் கடையில் மைகார்ட் படிக்கும் கருவி இல்லையென்றால் அங்கே சாரா செல்லாது. பட்டணம் போய்வர 20 ரிங்கிட் ஆனால் 100 ரிங்கிட் உதவி 80 ரிங்கிட்டாகிறது. 2025 ஆகஸ்ட் 31 முதல் 18 வயதுக்கு மேற்பட்ட எல்லாக் குடிமக்களுக்கும் ஒருமுறை 100 ரிங்கிட் சாரா கொடுக்கப்பட்டபோது, முதல் நாள்களில் நெரிசலால் கட்டண முறை தடுமாறியது. பக்கத்துத் தாமானில் இருப்பவர் மறுநாள் வந்துகொள்ளலாம். வாடகை வண்டி பிடித்து வந்தவர் அப்படி வர முடியாது. புறப்படும் முன் மைகார்டில் மீதம் எவ்வளவு, அருகில் எந்தக் கடை என்று மைகாசே இணையத்தளத்தில் பார்த்துக்கொள்வது நல்லது. வீட்டுப் பெரியவர்களுக்குப் பள்ளிப் பிள்ளைகளே பார்த்துச் சொல்லிவிடலாம்.

பிள்ளைகளின் எண்ணிக்கை வைத்தே எஸ்டிஆர் தொகை முடிவாவதால், புதுக் குழந்தை, துணையின் மறைவு, வங்கிக் கணக்கு மாற்றம் எல்லாவற்றையும் உள்நாட்டு வருமான வரி வாரியத்திடம் புதுப்பிக்க வேண்டும். பிறப்புப் பத்திரம் எடுக்காமல் விட்ட பிள்ளை இந்தக் கணக்கில் வராது. மூன்று பிள்ளை வீடு இரண்டு பிள்ளை வீடாகி, 2,000 ரிங்கிட் வர வேண்டிய இடத்தில் 1,500 தான் வரும். அந்த வீட்டார் முதலில் போக வேண்டிய இடம் தேசியப் பதிவிலாகா, வரி வாரியம் அதற்குப் பிறகு.