காடு செல்வோர் மூட்டையும் கேழ்வரகுக் கொல்லையும்

சிப்காட் தொழிற்பேட்டையின் ஆலைகள் சூழ்ந்த மூக்கண்டப்பள்ளிக்கும், யானைகள் உலவும் மேலகிரி மலைகளுக்கும் இடையேயுள்ள தூரம் ஒரு காலைப் பிரயாணத்திற்கு மேற்படாது. தேன்கனிக்கோட்டை வழியாகத் தெற்கே செல்லச் செல்ல ஊர்கள் குறைந்து, அஞ்செட்டியைத் தாண்டியதும் காடே மேலோங்கி நிற்கிறது. ஆகவே வாரம் ஆறு நாட்கள் இயந்திரத்தின் முன்னே நின்று உழைக்கும் நம் இளைஞர்கள், ஏழாம் நாள் முதுகிலே ஒரு பையை மாட்டிக்கொண்டு மலையேறப் புறப்படுவதில் வியப்பில்லை. நம் அங்கத்தினர்களின் பிள்ளைகளும் அவர்களோடு செல்கின்றனர். இதை நாம் முழுமனத்துடன் வரவேற்கிறோம். கால் வலிக்க நடந்து மலைக்காற்றைச் சுவாசிப்பது உடலுக்கும் உள்ளத்திற்கும் நல்லதே.

எனினும், அந்தப் பையில் என்ன இருக்கிறது, திரும்பி வரும்போது அதில் என்ன மிஞ்சுகிறது என்பது செல்பவரின் சொந்தக் காரியம் மட்டுமன்று. காட்டோரத்தில் கேழ்வரகு பயிரிட்டு, மார்கழிக் குளிரில் பரண்மேல் கண்விழித்திருக்கும் நம் சங்கத்து விவசாயியையும் அது தொடுகிறது. எவ்வாறு என்பதைச் சற்று விரிவாகக் கூற விரும்புகிறோம்.

ஓசூர் வட்டாரத்து யானைகளின் வழக்கத்தை நம் விவசாயிகள் நன்கு அறிவர். கேழ்வரகு கதிர் முற்றும் காலத்தில், கர்நாடகத்துப் பன்னேர்கட்டா காடுகளிலிருந்து ஜவளகிரி, தளி வழியாக அவை கூட்டங்கூட்டமாக இறங்கி வருகின்றன. ஓசூரை அடுத்த சானமாவுக் காட்டிலும் சூளகிரிப் பக்கத்திலும் தங்கி, இரவில் வயல்களில் நுழைகின்றன. இது நெடுங்காலப் போக்குவரத்து. காடு தொடர்ச்சியாக இருக்கட்டும் என்ற எண்ணத்தில்தான் 2014ஆம் ஆண்டில் காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயமும், 2022ஆம் ஆண்டு நவம்பரில் ஏறத்தாழ 686 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள காவிரி தெற்குச் சரணாலயமும் அறிவிக்கப்பட்டன. யானை தன் வழியே போய்த் தன் வழியே திரும்பும்வரை விவசாயிக்கு இருக்கும் தொல்லை ஒருவகை. மனித உணவின் சுவையறிந்த யானையால் வரும் தொல்லை வேறுவகை.

மனித உணவில் உப்பு இருக்கிறது. வெல்லமும் எண்ணெயும் இருக்கின்றன. காட்டில் நாள் முழுதும் மேய்ந்து பெறவேண்டிய சத்து, ஒரு சமையலறையில் சில நிமிஷங்களில் கிடைத்துவிடுகிறது. இதை ஒருமுறை கற்ற விலங்கு எளிதில் மறப்பதில்லை. யானையின் மோப்பமோ அசாதாரணமானது. 2014ஆம் ஆண்டில் ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் ஆப்பிரிக்க யானையை ஆராய்ந்து, மணத்தை உணர்வதற்குரிய மரபணுக்கள் அதற்கு ஏறத்தாழ 2,000 உள்ளன என்று கண்டனர். நாய்க்கு உள்ளவற்றைப்போல் இருமடங்கிற்கும் அதிகம். இத்தகைய மூக்கிற்கு முன்னே, மரத்தடியில் விட்டெறிந்த பிரியாணிப் பொட்டலமும் வாழைப்பழத் தோலும் எவ்வளவு பெரிய அறிவிப்புப் பலகை என்பதை நாம் சொல்லவேண்டியதில்லை.

அமெரிக்காவின் யோசெமிட்டி தேசியப் பூங்காவில் இதே பாடத்தைக் கரடிகள் கற்றன. உல்லாசப் பிரயாணிகளின் உணவுக்குப் பழகிய அவை, கார்க் கதவுகளைப் பிய்த்து உள்ளிருந்ததைத் தின்னத் தொடங்கின. மனிதனுக்கு ஆபத்தாக மாறிய சில கரடிகளைக் கொல்லவும் நேர்ந்தது. பின்னர் கரடியால் திறக்கமுடியாத உணவுப் பெட்டிகளை அங்கே கட்டாயமாக்கினர். காட்டுக்குள்ளே மலையேறுவோர் அத்தகைய குடுவை ஒன்றையும் சுமந்தே செல்ல வேண்டும். நம் காட்டில் கரடிப் பெட்டி விற்பாரில்லை, அது தேவையுமில்லை. அழுத்தி மூடும் எவர்சில்வர் தூக்கு ஒன்று போதும்.

உணவைத் தேர்ந்தெடுப்பதிலேயே பாதிக் காரியம் முடிந்துவிடும். பொரிகடலை, அவல், வேர்க்கடலை, எள்ளுருண்டை, வறுத்த கேழ்வரகு மாவு ஆகியவை எடை குறைந்தவை, கெடாதவை, சமைக்க நெருப்பு வேண்டாதவை. பலாச்சுளை, பழுத்த வாழை, மசாலா மணக்கும் கறி ஆகியவற்றை வீட்டிலேயே உண்டுவிட்டுப் புறப்படுவது உத்தமம். கடையில் வாங்கும் பண்டமானால், அதன் உறையைப் பிரித்து வீட்டிலேயே போட்டுவிட்டு, உள்ளிருப்பதைத் தூக்கிற்கு மாற்றிக்கொள்ளலாம். காட்டிற்குள் போகாத காகிதம் காட்டில் கிடக்கவும் போவதில்லை அல்லவா?

இங்கே நெசவாளர் பக்கத்திற்கு ஒரு வார்த்தை. ஒருமுறை பயன்படுத்தி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களைத் தமிழக அரசு 2019 ஜனவரி 1 முதல் தடை செய்தது. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' என்ற இயக்கமும் தொடங்கியது. மலையேறுவோருக்குத் துணிப்பையைவிடச் சிறந்த துணை இல்லை என்பது நம் கருத்து. உணவுக்கு ஒன்று, உடைக்கு ஒன்று, குப்பைக்கு ஒன்று என்று காடாத் துணியில் சுருக்குப் பைகள் மூன்று தைத்துக்கொண்டால், பெரிய பையைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தேடவேண்டிய வேலை இராது. குப்பைப் பைக்கு மட்டும் உட்புறம் மெழுகுத் துணி வைத்துத் தைப்பது நல்லது. ஆனால் நம் தறியின் துணியே ஆயினும் ஓர் உண்மையை மறைக்கலாகாது: நனைந்த பருத்திச் சட்டை கனக்கும், உலரத் தாமதிக்கும், மலைக்குளிரில் உடற்சூட்டை வாங்கிவிடும். பகல் வெயிலுக்குப் பருத்தி ஏற்றது. இரவுக்கும் மழைக்கும் கம்பளியும் நீர்புகா மேலாடையும் வேண்டும். நிறம் மண்ணையோ சருகையோ ஒத்திருக்கட்டும். திருவிழாப் பட்டைக் காட்டிற்கு உடுத்திச் செல்லவேண்டாம்.

சுமை மிகுந்தால் கவனம் குறையும். ஒருநாள் நடைக்கு உடலெடையில் பத்தில் ஒரு பங்கும், இரவு தங்குவதானால் ஐந்தில் ஒரு பங்கும் எல்லை என்று வைத்துக்கொள்ளலாம். கம்பளி அடியில், கனமான தண்ணீரும் உணவும் முதுகையொட்டி நடுவில், மழையாடையும் மருந்துப் பையும் மேலே என்று அடுக்கினால், சரிவில் பை ஒருபக்கமாக இழுக்காது. தண்ணீர் ஆளுக்கு மூன்று லிட்டருக்குக் குறையக்கூடாது. விசில் ஒன்றும் கைவிளக்கு ஒன்றும் அவசியம். கைப்பேசியை நம்பி இவற்றை விடுவது தவறு. அஞ்செட்டிக்கு அப்பால் பல பள்ளத்தாக்குகளில் அது பேசாது. பாட்டுப் பெட்டி, பட்டாசு, வாசனைத் தைலம் ஆகியவை மூட்டையில் ஏறவே கூடாதவை.

கண்ணாடிப் பாட்டிலைப் பற்றித் தனியே சொல்லவேண்டியிருக்கிறது. யானையின் பாதம் பார்வைக்கு உரல்போலத் தோன்றினும், அடிப்புறம் மெத்தென்ற திசுவால் ஆனது. உடைந்த சில்லு உள்ளே ஏறிச் சீழ்பிடித்தால், நடந்தே இரைதேடும் அந்த விலங்கு மெல்ல மெல்லப் பட்டினியால் சாகும். நீலகிரியில் பிரயாணிகள் எறிந்த மதுப்பாட்டில்களால் விலங்குகளுக்கு நேரும் கேட்டைக் கருதிச் சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டது. அதன்பேரில் 2022 மே மாதத்தில் அங்கே பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் பாட்டிலைத் திருப்பித் தந்தால் அப்பணத்தைத் திருப்பிக் கொடுக்கும் ஏற்பாடு தொடங்கியது. பிளாஸ்டிக்கின் கதையும் இதற்குக் குறைந்ததன்று. 2025 மே மாதத்தில் கோயம்புத்தூர் மருதமலை அடிவாரத்தில் நோயுற்று இறந்த பெண் யானையின் வயிற்றில் பிளாஸ்டிக் கழிவு காணப்பட்டது. கருவில் ஒரு கன்றும் இருந்தது.

ஆற்றோரம் செல்வோர் சோப்பைப் பையிலேயே வைத்திருப்பது நன்று. காவிரியில் நீர்நாய்கள் மீன்பிடித்து வாழ்கின்றன. முதலைகளும் உண்டு, ஆகையால் கண்ட மடுவில் இறங்கிக் குளிப்பது வீரமாகாது. மலங்கழிக்க நீர்நிலையிலிருந்து எழுபது தப்படியாவது விலகி, அரையடிக் குழி தோண்டி மூடிவிடவேண்டும். சிறு களைக்கொட்டு ஒன்று இதற்குப் போதும். நம் வீடுகளில் அதற்குப் பஞ்சமில்லை.

நெருப்பைப் பற்றி அறிய 2018ஆம் ஆண்டைத் திரும்பிப் பார்த்தாலே போதும். அவ்வாண்டு மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கிய மலையேற்றக் குழுவினரில் 23 பேர் மாண்டனர். உலர்ந்த புல்லில் தீ பரவும் வேகத்திற்கு மனிதன் ஓடித் தப்புவது கடினம். அதன்பின் மலையேற்றத்தை ஒழுங்குபடுத்த அரசு விதிகள் வகுத்தது. 2024 அக்டோபரில் வனத்துறையின் மேற்பார்வையில் 'ட்ரெக் தமிழ்நாடு' என்ற திட்டம் 40 பாதைகளுடன் தொடங்கப்பட்டது. அவற்றில் நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துக் குத்திராயன் மலையும் அய்யூர்–சாமி ஏரிப் பாதையும் உண்டு. இணையத்தில் பதிந்து, வழிகாட்டியுடன் செல்லும் ஏற்பாடு இது. 2025இல் தீக்காலத்தை முன்னிட்டுப் பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை பாதைகள் மூடப்பட்டன. அனுமதியின்றிச் சரணாலயத்துள் நுழைவதும், தீ மூட்டுவதும், விலங்குகளைச் சீண்டுவதும், குப்பை போடுவதும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றங்களாகும். அபராதத்திற்கு அஞ்சியேனும் சிலர் ஒழுங்காக நடந்தால், அதையும் நாம் குறைகூறமாட்டோம்.

யானை எதிர்ப்பட்டால் படம்பிடிக்க நிற்காமல் அமைதியாகப் பின்வாங்குவதே முறை. காற்று நம்மிடமிருந்து அதன் பக்கம் வீசுகிறதா என்று கவனிக்கவேண்டும். கன்றுடன் இருக்கும் கூட்டத்திற்கு வழிவிட்டு, வேண்டுமானால் ஒரு மணி நேரம் காத்திருக்கவேண்டும். உள்ளூர் ஆடுமேய்ப்பவர் "இன்று அந்தப் பக்கம் போகவேண்டாம்" என்றால் விவாதம் செய்யாமல் திரும்பிவிடவேண்டும். அவர் காலையிலேயே சாணத்தைப் பார்த்திருப்பார்.

கடைசியாக, காட்டோரத்தில் நிலமுள்ள அங்கத்தினர்களுக்கு. நகரத்தார் கூடாரமடித்துத் தங்கச் சிலர் தம் கொல்லையை வாடகைக்கு விடலாயினர். வானம் பொய்க்கும் ஆண்டில் அது உதவும் வருமானமே. வேண்டாமென்று நாம் சொல்லோம். ஆனால் கூடாரத்துக்குள் உணவு வைக்கக்கூடாது என்பதை முதலிலேயே கண்டிப்பாகச் சொல்லிவிடவேண்டும். உணவு முழுவதையும் இரவில் வீட்டின் உட்கட்டிலே பூட்டி வைக்கலாம். எச்சிலைக் குழியில் கொட்டினால் பன்றி தோண்டிவிடும். மாட்டுத் தொட்டிக்கோ சாண எரிவாயுக் கலத்திற்கோ சேர்ப்பது மேல். யானை வழக்கமாக நடக்கும் தடத்தைவிட்டு விலகியே கூடாரம் அமையவேண்டும். கதிர் முற்றிய வயல் பக்கத்தில் இருந்தால், அறுவடை முடிந்து போர் வீடு சேரும்வரை விருந்தினரைத் தள்ளிவைப்பது நலம். பக்கத்துக் கொல்லைக்காரரிடம் முன்கூட்டியே சொல்லி வைக்கவும் வேண்டும். விடிய விடியப் பரணில் விழித்திருப்பவர் அவரல்லவா!