பாம்பின் பெயரை ரத்தம் சொல்லும்

மலேசியாவின் கெடா மாநிலத்தில், சுங்கை பட்டாணி, பீடோங், கூலிம் பக்கத்துத் தாமான் குடியிருப்புகளில் இரண்டு நாள் விடாமல் மழை பெய்தால் போதும், குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு பாம்பு வந்துவிடும். குளியலறை மூலையிலோ செருப்பு அடுக்கிலோ சுருண்டு கிடக்கும் பழுப்பு நிறப் பாம்பு. படத்தில் பாதி மங்கல், ஓரத்தில் ஒரு துடைப்பக் கட்டை. "கட்டுவிரியன், கடிச்சா பத்து நிமிஷம்தான்" என்று ஒரு மாமா தீர்ப்பு எழுதுவார். அடுத்த படத்தில் பாம்பு நசுங்கிக் கிடக்கும். அதற்கு அடுத்ததாக, வீட்டைச் சுற்றிக் கந்தகத்தூள் போடச் சொல்லும் ஒரு குரல் பதிவு வரும். கந்தகம் பாம்பை விரட்டும் என்பதற்கு உருப்படியான ஆதாரம் எதுவுமில்லை. அதனால் நிச்சயமாகக் கிடைக்கும் ஒரே பலன், வீட்டுக்காரருக்குத் தும்மல்.

அந்தப் பாம்பு பெரும்பாலும் ஓநாய்ப்பாம்பு. அரை மீட்டர் நீளம், இரவில் நடமாட்டம், சுவரேறும் திறமை, பல்லிதான் சாப்பாடு. கழுத்தில் வெளிறிய ஒரு பட்டை இருக்கும். பிடித்தால் கடிக்கும், ஆனால் மனிதருக்கு ஆபத்தான விஷம் கிடையாது. கெடாவில் உண்மையிலேயே கட்டுவிரியன் இனத்தைச் சேர்ந்த ஒரு பாம்பு உண்டு: மலாயா கட்டுவிரியன். அதன் உடலில் கறுப்பும் வெள்ளையும் அகலப் பட்டைகளாக மாறிமாறி வரும். முதுகின் நடுவரிசைச் செதில்கள் மற்றவற்றைவிடப் பெரியவை, அறுகோண வடிவம். இந்தச் செதில் விவரம் செத்த பாம்பை மேசையில் வைத்து ஆராய்பவருக்குத்தான் உதவும். குளியலறையில் டார்ச்சோடு நிற்பவருக்கு இது ஒரு சுவாரஸ்யமான தகவல், அவ்வளவே.

எளிய விதிகள் எதுவும் உருப்படவில்லை. தலை முக்கோணமாக இருந்தால் விஷம் என்பார்கள். நாகத்துக்கும் கட்டுவிரியனுக்கும் தலை முக்கோணமில்லை. விஷமில்லாத சில பாம்புகளோ பயந்தால் தலையைத் தட்டையாக்கி முக்கோணமாக்கிக் காட்டும். கைப்பேசியில் படம் பார்த்துப் பாம்பின் பெயர் சொல்லும் செயலிகள் நல்ல வெளிச்சத்தில், முழு உடலும் தெரியும் படத்துக்குப் பரவாயில்லை. துடைப்பக் கட்டைக்கு அடியில் கிடப்பதை அவை எந்த ஊர்ப் பாம்பாகவும் ஆக்கிவிடும்.

தமிழருக்கு இதில் தனியாக ஒரு சிக்கல் உண்டு. தமிழ்நாட்டிலிருந்து கெடாவின் தோட்டங்களுக்கு வந்தவர்கள் மாரியம்மனையும் முனீஸ்வரரையும் மட்டும் கொண்டுவரவில்லை, ஊர்ப் பாம்புக் கணக்கையும் கொண்டுவந்தார்கள். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் என்ற நான்கும் அங்கே ஆளைக் கொல்பவை. இவற்றில் கண்ணாடிவிரியனும் சுருட்டைவிரியனும் மலேசியாவில் கிடையவே கிடையாது. இந்த வட்டாரத்து நாகத்தின் படத்தில் மூக்குக்கண்ணாடிக் குறி இருக்காது. ஒற்றை வட்டம் உள்ள நாகம் ஒன்று, விஷத்தைக் கண்ணைப் பார்த்துப் பீய்ச்சும் நாகம் ஒன்று. கொம்பேறி மூக்கன் மட்டும் பெயரும் பழியும் மாறாமல் கடல் தாண்டியிருக்கிறது. கடித்துவிட்டு மரத்தின் உச்சியில் ஏறி, சுடுகாட்டில் புகை வருகிறதா என்று பார்க்குமாம். கெடாவில் அந்தப் பெயரில் அடிபட்டுச் சாவது தவளையும் ஓணானும் தின்று வாழும், வெண்கல நிற முதுகுள்ள ஒரு அப்பாவி. சுடுகாடு எந்தத் திசையில் இருக்கிறது என்பதே அதற்குத் தெரியாது.

ஊர்க் கணக்கில் இடம்பெறாத ஒரு பாம்புதான் வடக்குத் தோட்டங்களின் உண்மையான பிரச்சினை. மலாய்க்காரர்கள் காப்பாக் போடோ என்பார்கள், நூல்களில் மலாயா குழிவிரியன். ஒரு மீட்டருக்குள் நீளம், தடித்த உடல், கூரான மூக்கு. செம்பழுப்பு முதுகின் இருபக்கமும் கரும்பழுப்பு முக்கோணங்கள் உச்சியோடு உச்சி பார்த்து நிற்கும். காய்ந்த ரப்பர் இலைமேல் கிடந்தால் அது அங்கே இல்லவே இல்லை. மற்ற பாம்புகள் காலடி அதிர்வு கேட்டு விலகும், இது விலகாது. விடியுமுன் நெற்றி விளக்கோடு நிரையில் நடக்கும் பால்வெட்டுக்காரரின் கால் அதன்மேல்தான் படும். கடித்துப் பல மணி நேரம் கழித்துத் தேடிப் போனவர்கள் அது அதே இடத்தில் கிடப்பதைக் கண்டிருக்கிறார்கள். விரியன்களில் பெரும்பாலானவை குட்டி போடும். இது முட்டையிட்டு, அதன்மேல் சுருண்டு காவல் கிடக்கும். அந்தக் காலத்தில் அது நகரும் என்று எதிர்பார்ப்பது இன்னும் வீண்.

கடிபட்ட கால் வீங்கும், கொப்புளம் கட்டும், சிலருக்கு எச்சிலில் ரத்தம் தெரியும். வினோதம் ரத்தத்துக்குள்ளே நடக்கிறது. இந்தப் பாம்பின் விஷம் ரத்தத்தை உறையவைக்கும் வகை. அதனாலேயே கடிபட்டவரின் ரத்தம் உறையாது.

முரண்போலத் தோன்றும் இந்த விஷயத்தைப் பிரித்துப் பார்ப்பது தனி இன்பம். ரத்தம் உறைய ஃபைப்ரினோஜன் என்ற புரதம் வேண்டும் என்பது பள்ளிப் பாடம். பாடநூல் சொல்லாமல் விடுவது, அந்த மூலக்கூறின் நடுவில் இரண்டு வகைச் சிறு துண்டுகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன என்பதை. ஏ துண்டு, பி துண்டு என்று வைத்துக்கொள்வோம். காயம் பட்டால் உடலின் த்ராம்பின் இரண்டையும் வெட்டுகிறது, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்கின்றன. த்ராம்பினே இன்னொரு நொதியை எழுப்பிவிட, அது இழைகளைக் குறுக்கே பிணைத்து இறுக்குகிறது. அதுதான் கெட்டியான உறைகட்டி. குழிவிரியனின் நொதி ஏ துண்டை மட்டும் வெட்டிவிட்டு நிறுத்திக்கொள்கிறது. இறுக்கும் நொதியையும் எழுப்புவதில்லை. தொளதொளத்த இழைகள் உருவாகின்றன, அவற்றை உடலின் துப்புரவு நொதிகள் உடனே கரைத்துவிடுகின்றன. உருவாக உருவாகக் கரைந்து, சில மணி நேரத்தில் ரத்தத்தில் ஃபைப்ரினோஜன் ஏறக்குறையத் தீர்ந்துபோகிறது.

தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இதை மங்கு என்ற பால் கிண்ணத்தை வைத்துச் சொல்லலாம். வெட்டிய மரத்திலிருந்து மங்கில் வடியும் பால், ஸ்டோர் போய்ச் சேரும்வரை உறையக் கூடாது. ஸ்டோரில் தண்ணீர் கலந்து, ஃபார்மிக் ஆசிட் ஊற்றிய பிறகுதான் தகடாக உறைய வேண்டும். இப்போது ஒருவன் பால் எடுக்கும் நேரத்துக்கு முன்பே நிரை நிரையாகப் போய், மங்குக்கு மங்கு அரைகுறை ஆசிட் விட்டுக்கொண்டே போகிறான். ஒவ்வொரு மங்கிலும் கொழகொழவென்று ஏதோ திரள்கிறது. பின்னாலேயே ஒரு கூட்டம் அதை வழித்துத் துடைத்துக்கொண்டு வருகிறது. கடைசியில் ஸ்டோருக்கு வரும் வாளியில் ஆசிட்டை எவ்வளவு ஊற்றினாலும் தகடு வராது. உறைய வேண்டிய ரப்பர் வழியிலேயே போய்விட்டது. கிராணி ஆசிட் பழசு என்பார். மழைத்தண்ணீரைக் கலந்துவிட்டார்கள் என்று தண்டல் பால்வெட்டுக்காரரைத் திட்டுவார். ஆசிட் விட்டவன் பாட்டுக்கு இலைக்குள் கிடப்பான், அதே இடத்தில்.

பாம்பும் கிராணியும் ஒரே பத்தியில் வந்துவிட்டதால் உவமையை இங்கேயே விட்டுவிடலாம்.

இந்த வேதியியல்தான் பாம்பை அடையாளம் காட்டுகிறது. சுத்தமான, காய்ந்த, புதிய கண்ணாடிக் குழாயில் நோயாளியின் ரத்தம் 2 மில்லிலிட்டர். ஆட்டாமல் அசைக்காமல் 20 நிமிடம். பிறகு ஒரே ஒரு முறை சாய்த்துப் பார்க்க வேண்டும். இந்த வட்டாரத்தில் ரத்தம் தண்ணீராக ஓடினால் கடித்தது பெரும்பாலும் குழிவிரியன் குடும்பம். நாகமும் கட்டுவிரியனும் நரம்பைத் தாக்குபவை, அவை கடித்தால் ரத்தம் வழக்கம்போல் உறையும். குழாய் கண்ணாடியாக இருப்பது ஆடம்பரத்துக்காக அல்ல. கண்ணாடிப் பரப்பு பட்டதும்தான் உறைதல் தொடங்குகிறது. பிளாஸ்டிக் குழாயிலோ சோப்பு போட்டுக் கழுவிய குழாயிலோ பாம்பையே பார்க்காதவரின் ரத்தமும் உறையாமல் நிற்கலாம். கடித்த உடனே செய்தால் சோதனை ஏமாற்றும், அதனால் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். விஷமுறிவு மருந்து கொடுத்த பிறகு 6 மணி நேரம் கழித்து மறுபடி பார்ப்பார்கள். கல்லீரல் புதிய ஃபைப்ரினோஜனைச் செய்து முடிக்க அவ்வளவு நேரமாகும். மருந்து கொடுக்காவிட்டால் இந்தக் கோளாறு வாரக்கணக்கில் நீடிக்கும்.

வரலாறு வேண்டும் என்பவர்களுக்கு ஒரு பத்தி. பினாங்கு பொது மருத்துவமனையில் 1950களில் வேலை பார்த்த அலிஸ்டர் ரீட் என்ற பிரிட்டிஷ் மருத்துவர், வடமலாயாவில் பாம்பு கடித்து வந்தவர்களைப் பொறுமையாகப் பதிவு செய்தார். மீனவர்களைக் கடித்த கடற்பாம்பும் தோட்டத்தாரைக் கடித்த குழிவிரியனும் அவருடைய குறிப்பேட்டை நிரப்பின. விஷப்பாம்பு கடித்தவர்களில் கணிசமானோருக்கு விஷமே ஏறவில்லை, அல்லது அற்பமாகத்தான் ஏறியிருந்தது என்று காட்டியவர் அவர். மந்திரிக்கிறவர்களும் விஷக்கல் வைப்பவர்களும் பெயர் வாங்கியது அந்தக் கணிசமானோரை வைத்துத்தான். ரத்தம் வாரக்கணக்கில் உறையாமல் இருந்தும் பலர் தோட்டத்தில் சாதாரணமாக நடமாடியதை 1963இல் அவரும் உடன் வேலை பார்த்தவர்களும் எழுதினார்கள்.

அங்கிருந்து ஆரம்பித்தது ஆரவாரம். ரத்தத்தை உறையவிடாமல் செய்தும் ஆளைக் கொல்லாத ஒரு பொருள் என்றால் மருந்து நிறுவனங்களுக்குக் கேட்கவா வேண்டும்? விஷத்திலிருந்து பிரித்தெடுத்த நொதிக்கு ஆன்க்ராட் என்று பெயர் வைத்து, பக்கவாதத்துக்குச் சோதித்தார்கள். 2000இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு கொஞ்சம் நம்பிக்கை தந்தது. 2006இல் வெளியான பெரிய ஐரோப்பிய ஆய்வில் பயன் எதுவும் தெரியவில்லை. 2008இல் இன்னொரு சோதனை பாதியில் நின்றது. பாம்பு விஷத்திலிருந்து அற்புத மருந்து என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை செய்தி வரும்போது இந்த மூன்று ஆண்டுகளையும் நினைத்துக்கொண்டால் தேவலை.

பாம்புப் பயம் பிறவியிலேயே வருகிறது என்ற செய்திக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். 1989இல் சூசன் மினேக்காவும் மைக்கேல் குக்கும் ஆய்வுக்கூடத்தில் பிறந்த குரங்குகளுக்குப் படம் காட்டினார்கள். பாம்பைப் பார்த்து இன்னொரு குரங்கு அலறுவதைப் பார்த்த பிறகுதான் அவை பாம்புக்குப் பயந்தன. அதே அலறலைப் பூவோடு ஒட்டிக் காட்டியபோது பூவுக்குப் பயப்படவில்லை. அதாவது பயம் கற்றுக்கொண்டது, ஆனால் பாம்பு விஷயத்தில் அந்தப் பாடம் சீக்கிரம் ஏறுகிறது. சிறு பிள்ளைகள் படங்களுக்கு நடுவே பாம்பைச் சட்டென்று கண்டுபிடிப்பதாக 2008இல் வனெஸ்ஸா லோபூவும் ஜூடி டிலோச்சியும் காட்டினார்கள். சட்டென்று கண்டுபிடிப்பது வேறு, அஞ்சுவது வேறு. அதைச் செய்தித் தலைப்புகள் கண்டுகொள்ளவில்லை. அலறிக் காட்டும் குரங்கின் வேலையை நம் வீடுகளில் யார் செய்கிறார்கள் என்று குடும்பக் குழுவைத் திறந்து பார்த்தால் தெரியும்.

பயத்தில் செய்வதுதான் பல நேரம் கடியைவிட மோசம். ஃபைப்ரினோஜன் தீர்ந்துபோன உடம்பில் பிளேடால் கீறினால் அந்தக் கீறல் நிற்காமல் கசியும். பாம்பின் பல் போட்ட ஓட்டையைவிட அண்ணன் போட்ட கோடுதான் பிறகு மருத்துவர்களுக்குத் தலைவலி. இறுக்கிக் கட்டினால், ஏற்கெனவே வீங்கிச் சிதையும் தசைக்கு வரும் ரத்தமும் நின்றுபோகும். பாம்பை அடித்துக் கொண்டுபோவதும் வேண்டாம். அடிக்கப் போய் இரண்டாவது ஆளும் கடி வாங்குவதுண்டு, வெட்டிய தலைகூடக் கடிக்கும். காலை அசைக்காமல், மோதிரம் கொலுசைக் கழற்றிவிட்டு, மருத்துவமனைக்குப் போக வேண்டும். பாம்பு யாரையும் கடிக்காமல் வீட்டுக்குள் வெறுமனே கிடந்தால், 999ஐ அழைத்தால் பொதுத் தற்காப்புப் படையோ தீயணைப்புப் படையான பொம்பாவோ வந்து பிடித்துக்கொண்டுபோவார்கள்.

மருந்துப் பெட்டியும் பாம்பின் பெயரைக் கேட்பதில்லை, ரத்தமா நரம்பா என்றுதான் கேட்கிறது. பேங்காக்கின் தாய்லாந்து செஞ்சிலுவைச் சங்க நிறுவனம் குதிரைகளைக் கொண்டு தயாரிக்கும் விஷமுறிவு மருந்துகளை மலேசிய மருத்துவமனைகள் பயன்படுத்துகின்றன. குழிவிரியன்களுக்கு ஒரு கூட்டு மருந்து, நாகம் கட்டுவிரியன் வகைக்கு இன்னொன்று. இந்தியாவில் அந்த நான்கு பாம்புகளுக்காகச் செய்யும் மருந்து இங்கே காப்பாக் போடோவுக்குக் கேட்காது. எது என்று சந்தேகம் வந்தால், ரெக்ஸ் என்ற விஷக்கடி ஆலோசனைக் குழுவின் மருத்துவர்களை மாவட்ட மருத்துவமனையிலிருந்தே தொலைபேசியில் கேட்கிறார்கள். அவர்கள் முதலில் கேட்பது பாம்பின் படம். தள்ளி நின்று எடுத்தது இருந்தால் நல்லது. இல்லையென்றால் கடிவாயின் படம், வீக்கம் எதுவரை ஏறியிருக்கிறது, ரத்தம் உறைந்ததா என்ற மூன்றும் போதும்.