பலர் கூடி எழுதிய ஒரு பக்கம்

தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் முற்காலத்தில் குடிமராமத்து என்னும் வழக்கம் இருந்தது. ஏரியில் வண்டல் படிந்தாலும் கரை உடைந்தாலும் ஊரார் ஒன்றுகூடித் தம் உழைப்பாலேயே அதனைச் செப்பனிடுவர். அவ்வேலையின் நோக்கத்தை எவரும் எழுதிவைக்க வேண்டியிருக்கவில்லை. ஏரி எல்லார் கண்ணெதிரிலும் இருந்தது. அது நிறைந்தால் எவர் வயலுக்கு நீர் பாயும் என்பதும் எல்லார்க்கும் தெரிந்திருந்தது.

இன்று கணினி உலகிலும் அத்தகைய கூட்டுழைப்பு நடைபெறுகிறது. ஒரு மென்பொருளை ஆக்கும் கட்டளைகளின் தொகுப்பை மூலநிரல் என்பர். வணிக நிறுவனங்கள் பல தம் மூலநிரலை மறைத்து வைக்கின்றன. திறந்த மூல மென்பொருளிலோ அதனை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கும் வழங்கலாம். ஆனால் இங்கு உழைப்போர் ஓர் ஊரார் அல்லர். ஒருவர் பிரேசிலில் இருப்பார். மற்றொருவர் ஜெர்மனியில் இருப்பார். வேறொருவர் புனேயில் கல்லூரி மாணவராக இருப்பார். ஒருவர் முகத்தை ஒருவர் கண்டிருக்கமாட்டார். பலர் இதற்கென ஊதியம் பெறுவதும் இல்லை. ஆகவே ‘இதைச் செய்’ என ஆணையிடும் மேலாளரும் அவர்களுக்கு இல்லை. இத்தகையோரை ஒரே திசையில் செலுத்துவது எது? ஏரியைப் போல ஒரு பொருள் கண்ணெதிரே இல்லாதபோது, அதன் இடத்தைச் சொற்களே நிரப்ப வேண்டியுள்ளது. நாங்கள் எதனை, யாருக்காக, எவ்வாறு செய்கிறோம். எதனை ஒருபோதும் செய்யமாட்டோம் என்று குழுவினர் கூடி எழுதிக்கொள்ளும் உரையே நோக்கவுரை எனப்படும்.

இதனை எழுதுவது எளிதென்று தோன்றும். ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். உங்கள் வகுப்பினர் சேர்ந்து ஒரு தமிழ் அகராதிச் செயலியை உருவாக்க எண்ணுகிறீர்கள் எனக் கொள்வோம். ‘தமிழ்மொழியின் வளர்ச்சிக்குச் சிறந்த முறையில் தொண்டாற்றுவோம்’ என்று எழுதினால் எல்லாரும் கைதட்டுவர். ஆனால் நாளை ஒருவர், “செயலியில் விளம்பரம் சேர்க்கலாமா?” என்று கேட்டால், அவ்வரி விடை தராது. மற்றொருவர், “தமிழ் பேசுவோர் எல்லாரும் எழுத்துகளை அறிவார்கள் அல்லவா, ஒலி எதற்கு?” என்று கேட்டாலும் அது வாய்திறவாது. மாறாக, ‘வீட்டில் தமிழ் பேசி, எழுத்தை இப்போதுதான் கற்கும் சிறுவர்க்காக இதனைச் செய்கிறோம், இணையம் இல்லாத கைப்பேசியிலும் இது இயங்கும், விளம்பரம் இராது’ என்று எழுதினால், ஒவ்வொரு கேள்விக்கும் விடை கிடைக்கிறது. சிலருடைய விருப்பத்துக்கு ‘இல்லை’ என்ற விடையும் கிடைக்கிறது. எவருக்கும் ‘இல்லை’ என்று சொல்லாத நோக்கவுரை, திருமண அழைப்பிதழின் வாழ்த்துரையைப் போன்றதே. இனிமையாக இருக்கும், அதைக் கொண்டு எதனையும் முடிவு செய்ய இயலாது.

இவ்வகை உரைகளுள் நன்கு ஆராயத்தக்கது டெபியன் என்னும் திட்டத்தின் உரை. டெபியன் ஓர் இயங்குதளம். அதாவது கணினியின் பிற மென்பொருள்கள் அனைத்தும் இயங்குவதற்கான அடித்தளம். 1993 ஆகஸ்டில் அமெரிக்காவில் இயன் முர்டாக் என்னும் கல்லூரி மாணவர் இதனைத் தொடங்கினார். தம் பெயரையும் டெப்ரா என்ற தம் தோழியின் பெயரையும் இணைத்து இதற்குப் பெயரிட்டார். இது நமக்குத் தொலைவான செய்தியன்று. நம் நாட்டின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய ‘பாஸ்’ இயங்குதளம் டெபியனை அடிப்படையாகக் கொண்டது. புகழ்பெற்ற உபுண்டுவும் டெபியனிலிருந்து கிளைத்ததே. டெபியன் உறுப்பினர்களின் உலக மாநாடு 2023 செப்டம்பரில் கொச்சியில் நடைபெற்றது.

தொடங்கிய நான்கு ஆண்டுகளில் உறுப்பினர் பெருகினர். புதியவர்கள் எதனை நம்பிச் சேர்கிறார்கள், பயனாளர்கள் எதனை நம்பிப் பயன்படுத்துகிறார்கள் என்ற வினா எழுந்தது. அப்போது திட்டத் தலைவராக இருந்த புரூஸ் பெரென்ஸ் ஒரு வரைவை எழுதினார். 1997 ஜூன் மாதம் முழுவதும் உறுப்பினர்கள் மின்னஞ்சல் வழியே அதனை ஆராய்ந்து வாதிட்டுத் திருத்தினர். ஜூலை 5 அன்று அது ‘சமூக ஒப்பந்தம்’ என்ற பெயரில் திட்டத்தின் கொள்கையாக ஏற்கப்பட்டது. ஒருவர் எழுதினார், பலர் திருத்தினர் என்னும் இவ்வரிசையைக் கவனியுங்கள். பலர் சேர்ந்து முதல் வரியை எழுதத் தொடங்கினால் அது பெரும்பாலும் முதல் வரியிலேயே நின்றுவிடும். ஒருவரே எழுதி முடித்துவிட்டாலோ மற்றவர்க்கு அது வெறும் அறிவிப்பாகிவிடும்.

அவ்வொப்பந்தத்தில் ஐந்தே உறுதிமொழிகள் உள்ளன. டெபியன் முழுவதும் கட்டற்றதாக இருக்கும் என்பது முதலாவது. இங்குக் ‘கட்டற்றது’ என்றால் விலையில்லாதது என்று பொருளன்று. பயன்படுத்தவும் படிக்கவும் திருத்தவும் பகிரவும் தடையில்லாதது என்று பொருள். தாம் ஆக்கியதைச் சமூகத்துக்கே திருப்பித் தருவோம் என்பது இரண்டாவது. சிக்கல்களை மறைக்கமாட்டோம் என்பது மூன்றாவது. ஐந்தினுள் மிகச் சிறந்தது இம்மூன்றாவதே எனலாம். ஏனெனில், மென்பொருளின் பிழைகள் பற்றிய முறையீடுகள் அனைத்தையும் எல்லாரும் காணுமாறு எப்போதும் திறந்தே வைத்திருப்போம் என்று அது தெளிவாகக் கூறுகிறது. சொன்னபடி நடக்கிறார்களா என்பதை யார் வேண்டுமானாலும் இன்றே சென்று பார்த்துவிடலாம். நான்காவது உறுதிமொழி, பயனாளர்களும் கட்டற்ற மென்பொருளுமே எங்கள் முதன்மை என்கிறது. ‘முதன்மை’ என்ற இடத்தில் இரண்டினை வைத்திருப்பது விந்தையாகத் தோன்றலாம். அவ்விரண்டும் முரண்படும் நாளில் என்ன செய்வது? அந்நாள் வரத்தான் செய்தது. அதனைப் பின்னர்க் காண்போம். ஐந்தாவது, கட்டற்றவை அல்லாத மென்பொருள்களும் சிலருக்குத் தேவைப்படுவதை ஏற்று, அவற்றுக்குத் திட்டத்தின் புறத்தே தனியிடம் ஒதுக்குகிறது. இவற்றோடு ‘கட்டற்றது’ என்பதற்குரிய இலக்கணமும் வகுக்கப்பட்டது. 1998இல் ‘திறந்த மூலம்’ என்ற சொல் தோன்றியபோது, அதன் வரையறை இவ்விலக்கணத்தைக் கொண்டே எழுதப்பட்டது.

ஆயினும் எழுதப்பட்ட சொல் எல்லார்க்கும் ஒரே பொருளைத் தருவதில்லை. டெபியன் ‘கட்டற்ற மென்பொருளாகவே’ இருக்கும் என்று 1997ஆம் ஆண்டின் உரை கூறியது. பயனாளர் கையேடு மென்பொருளா? திரையில் தோன்றும் படம் மென்பொருளா? ஒரு சாரார், நிரல்கள் மட்டுமே மென்பொருள் என்றனர். மறு சாரார், கணினியில் உள்ள அனைத்தும் மென்பொருளே என்றனர். 2004 ஏப்ரலில், உரையின் நடையைச் செம்மைப்படுத்தும் திருத்தம் என்ற பெயரில் ஒரு தீர்மானம் வாக்கெடுப்பில் வென்றது. முதல் உறுதிமொழியிலிருந்து ‘மென்பொருள்’ என்ற சொல் நீக்கப்பட்டது. டெபியன் முழுவதும் கட்டற்றது என்றாயிற்று. உடனே வெளியீட்டுப் பொறுப்பாளர் அதன் விளைவை எடுத்துரைத்தார். புதிய சொற்களின்படி, உரிமம் பொருந்தாத கையேடுகளையும் வன்பொருளுக்கான சில நிரல்களையும் நீக்கினாலன்றி அடுத்த பதிப்பை வெளியிட இயலாது என்றார். முந்தைய பதிப்போ 2002 ஜூலையில் வந்தது, பயனாளர்கள் காத்துக்கொண்டிருந்தனர். நடைத்திருத்தம் என்று எண்ணி வாக்களித்த சிலர் திகைத்தனர்.

என்ன செய்தனர்? எவரும் உரையைத் தம் விருப்பம்போல் மாற்றிவிடவில்லை. மீண்டும் வாக்கெடுப்பு நடத்தினர். புதிய சொற்கள் நிலைக்கட்டும். ஆனால் இப்பதிப்பு வெளிவந்த பின்னரே அவை நடைமுறைக்கு வரட்டும் என்று முடிவாயிற்று. அப்பதிப்பு 2005 ஜூன் 6 அன்று வெளிவந்தது. டெபியனின் வாக்குமுறையும் அறியத்தக்கது. உறுப்பினர் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுப்பதில்லை. எல்லா முன்மொழிவுகளையும் தம் விருப்பப்படி வரிசைப்படுத்துகின்றனர். அன்றைய வாக்குச்சீட்டில் ‘மேலும் விவாதிப்போம்’ என்பதும் ஒரு தெரிவாக இடம்பெற்றது. சமூக ஒப்பந்தத்தை மாற்ற வேண்டுமாயின், எதிர்ப்போரைவிட ஆதரிப்போர் மும்மடங்காவது இருத்தல் வேண்டும். எளிதில் மாறாது, ஆனால் மாறவே முடியாததும் அன்று.

நான்காவது உறுதிமொழியின் இரு முதன்மைகளும் நேருக்கு நேர் மோதியது 2022இல். இன்றைய கணினிகளில் கம்பியில்லா இணைய அட்டை, ஒலி அட்டை முதலிய உறுப்புகள் பல, அவற்றின் நிறுவனங்கள் தரும் நிலைபொருள் என்னும் சிறுநிரல் இன்றி இயங்குவதில்லை. அந்நிரல்கள் பலவற்றின் மூலநிரல் மறைக்கப்பட்டுள்ளது. ஆகவே டெபியனின் முறையான நிறுவல் வட்டில் அவற்றுக்கு அப்போது இடமிருக்கவில்லை. இணையம் இல்லாமல் தடுமாறுவோர் ஒருபுறம் இருக்க, பார்வையற்றோர் நிலையை எண்ணிப் பாருங்கள். அவர்கள் கணினி பேசும் குரலைக் கேட்டே இயங்குதளத்தை நிறுவ வேண்டும். ஒலி அட்டை இயங்காவிடில் குரல் ஏது? கொள்கை தூயதாக இருந்தது. ஆனால் கணினி ஊமையாக இருந்தது. எதிர்ப்பக்க வாதமும் எளிதில் தள்ளத்தக்கதன்று. மறைந்த நிரலை இன்று உள்ளே விட்டால், அதனைத் திறந்து தருமாறு நிறுவனங்களை நாளை எவர் கேட்பர்?

பல முன்மொழிவுகள் வாக்கெடுப்புக்கு வந்தன. இறுதியில் ஐந்தாவது உறுதிமொழியில் ஒரு வாக்கியம் சேர்க்கப்பட்டது. டெபியனின் ஒரு பகுதியாக அல்லாத நிலைபொருளும், வன்பொருள் இயங்க அது தேவையெனில், நிறுவல் வட்டில் இடம்பெறலாம் என்பது அதன் கருத்து. முதல் உறுதிமொழியை எவரும் தொடவில்லை. டெபியன் இன்றும் முழுவதும் கட்டற்றதே. நிலைபொருள் அதன் உறுப்பன்று, உடன் வரும் பொருளே என்று உரை வேறுபடுத்துகிறது. இதனைச் சொல்விளையாட்டு என்று குறைகூறுவோரும் உளர். புதிய வாக்கியத்தோடு ஒப்பந்தம் 2022 அக்டோபரில் வெளியிடப்பட்டது. அதன்படி அமைந்த முதற்பதிப்பான டெபியன் 12, 2023 ஜூனில் வெளிவந்தது.