கேளா ஒலியும் காணாத் தசையும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. இயற்பியல் மாணவி ஒருவர்)

சென்ற பருவத்தில் நம் இயற்பியல் ஆய்வகத்தில் மீயொலிக் குறுக்கீட்டுமானி என்னும் கருவியை முதன்முதலாகத் தொட்டேன். சிறு கிண்ணம் போன்ற ஒரு கலம். அதன் அடியில் ஒரு குவார்ட்ஸ் படிகம். மேலே திருகு அளவியால் ஏற்றி இறக்கக்கூடிய ஓர் உலோகத் தகடு. மின்சாரம் பாய்ந்ததும் படிகம் நொடிக்கு 20 இலட்சம் முறை அதிர்கிறது. மனிதச் செவி 20,000 அதிர்வுக்கு மேல் கேளாது. ஆதலின் அறையில் ஓசை ஏதும் இல்லை. தகட்டைச் சிறிது சிறிதாக நகர்த்த, மின்னோட்டமானியின் முள் ஏறி இறங்குகிறது. ஓர் ஏற்றத்திலிருந்து அடுத்த ஏற்றம்வரை உள்ள தொலைவு அரை அலைநீளம். மில்லிமீட்டரில் பாதிகூட இல்லை! அதைக் கொண்டு நீரில் ஒலியின் வேகம் நொடிக்கு 1,503 மீட்டர் என்று பதிவேட்டில் எழுதிக் கையொப்பமும் பெற்றேன்.

அதே மாதத்தில் அதே ஒலியை வேறோர் இடத்தில் கண்டேன். அங்கே அளக்கப்பட்டவர் என் அன்னை.

இதை எழுதலாமா என்று பல நாள் தயங்கினேன். அன்னையிடமே கேட்டேன். "எழுது கண்ணு, பேரு மட்டும் போடாத" என்றார். ஆகவேதான் என் பெயரும் இக்கட்டுரையின் தலைப்பில் இல்லை. மலர்க்குழுப் பேராசிரியர் இதற்கு இசைந்தார்.

என் அன்னை சித்தாள் வேலைக்குச் செல்பவர். தலையில் கலவைச் சட்டியுடன் மாடிப்படி ஏறியவர். மூன்று பிள்ளைகளைப் பெற்றவர். ஒவ்வொரு பேற்றுக்குப் பின்னும் நாற்பது நாளில் சட்டியைத் தூக்கியவர். இருமினாலும் தும்மினாலும் சிரித்தாலும் சிறுநீர் கசிவது அவருக்குப் பல ஆண்டுகளாக இருந்தது. எங்களுக்குத் தெரியாது. திருமண வீடுகளுக்கு ஏன் வருவதில்லை, பேருந்தில் ஏன் நின்றுகொண்டே வருகிறார், வேலைக்கு ஏன் கருநிறச் சேலையே கட்டுகிறார் என்று நாங்கள் கேட்டதும் இல்லை. ஊரில் 'அடியிறக்கம்' என்ற சொல் உண்டு. அதைப் பெண்கள் தாழ்ந்த குரலில் சொல்லிக்கொள்வார்கள். அது நோய் என்றோ, அதற்கு மருத்துவம் உண்டு என்றோ யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

இனி உடலமைப்பைச் சிறிது பார்ப்போம். நம் இடுப்பெலும்பு அடிப்பக்கம் திறந்த ஒரு சட்டி. அதன் முன்பக்க எலும்பிலிருந்து பின்பக்க வால் எலும்புவரை தசைகள் உறி கட்டியதுபோல் படர்ந்து, சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் ஆகியவற்றைத் தாங்குகின்றன. இவற்றை இடுப்புத்தளத் தசைகள் என்பர். இருமும்போது வயிற்றினுள் அழுத்தம் திடீரென உயருகிறது. அந்தக் கணத்தில் இத்தசைகள் சுருங்கி, சிறுநீர் வெளியேறும் குழாயை அடைத்துப் பிடிக்கவேண்டும். பேறுகாலத்தில் அளவுக்கு மீறி விரிந்த தசைகள் இதைச் செய்யத் தவறினால் கசிவு ஏற்படுகிறது. ஆண்களும் இதற்கு விலக்கல்லர். சுக்கியன் சுரப்பி அறுவைக்குப் பின் அவர்களுக்கும் இதே தொல்லை வருவதுண்டு.

வலுவிழந்த தசைக்குப் பயிற்சி தந்தால் வலுப்பெறும். இதை 1948-இல் எழுதி வழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர் ஆர்னால்டு கெகல். தசையை உள்நோக்கி மேலே இழுத்துப் பிடித்து விடவேண்டும், அவ்வளவுதான். பிரிட்டனின் வழிகாட்டு நெறிகள் நாளுக்கு மூன்று வேளை, வேளைக்குக் குறைந்தது எட்டு முறை, குறைந்தது மூன்று மாதம் என்று சொல்கின்றன. செலவில்லாத மருத்துவம்!

ஆனால் சிக்கல் இங்கேதான் இருக்கிறது. கையை மடக்கு என்றால் மடக்குகிறோம், கண் பார்க்கிறது. இந்தத் தசையை யாரும் பார்த்ததில்லை. அன்னை முதலில் சென்ற இடத்தில், வரிசையில் அடுத்தவர் நின்றுகொண்டிருக்க, "அடியில இறுக்கிப் பிடிச்சு விடுங்கம்மா, தினமும் செய்யுங்க" என்று அரை நிமிடத்தில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அன்னை மூன்று மாதம் தவறாமல் செய்தார். கசிவு கூடியது. "எனக்கு விதிச்சது அவ்வளவுதான்" என்று விட்டுவிட்டார்.

1991-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வை நான் பின்னர் அறிந்தபோது, அன்னை தனியே இல்லை என்று தெரிந்தது. 47 பெண்களுக்கு வாய்மொழியாகச் சிறிது நேரம் மட்டும் இப்பயிற்சியைக் கற்பித்து, உடனே அளந்து பார்த்தார்கள். சரியாகச் செய்தவர்கள் 49 விழுக்காடு. 25 விழுக்காட்டினர் கசிவை மிகுவிக்கக்கூடிய முறையில் செய்தார்கள். அதாவது மேலே இழுப்பதற்குப் பதிலாக, முக்கிக் கீழே தள்ளினார்கள். உண்மையாக உழைத்தவருக்கே கேடு! பள்ளியில் தவறான சூத்திரத்தை நூறு முறை எழுதிப் பழகியவன் நிலைதான்.

இரண்டாவதாகச் சென்ற மருத்துவமனையில் ஒரு மூத்த மகப்பேற்று மருத்துவரும் இயன்முறை மருத்துவர் ஒருவரும் சேர்ந்து ஸ்கேன் கருவியைக் கொண்டு இப்பயிற்சியைக் கற்பிக்கிறார்கள். அன்று இளம் மருத்துவர்கள் இருவர் அங்கே பயிற்சிக்கு வந்திருந்தனர். "பொண்ணு காலேஜ்ல பிசிக்ஸ் படிக்குது" என்று அன்னை சொன்னதால் என்னையும் திரைக்குள் விட்டார்கள். முதல் தலைமுறையாகக் கல்லூரி மிதித்தவளுக்கு அன்னை வாங்கித் தந்த இடம் அது.

வயிற்றின்மேல் வைத்துப் பார்க்கச் சிறுநீர்ப்பை நிறைந்திருக்கவேண்டும். அரை லிட்டருக்குச் சற்று அதிகமாகத் தண்ணீர் குடித்துவிட்டு ஒரு மணி நேரம் காத்திருக்கச் சொன்னார்கள். கசிவு உள்ளவரை நீர் நிரப்பிக்கொண்டு மரப்பலகையில் உட்காரச் சொல்வது எத்தகைய சோதனை என்பதை அன்னையின் முகத்தில் கண்டேன். எழுந்து போய்விடுவாரோ என்று அஞ்சினேன்.

கருவியின் தத்துவம் நம் ஆய்வகக் கலத்தின் தத்துவமே. அழுத்தினால் மின்சாரம் தரும் படிகங்களை ஜாக், பியேர் கியூரி சகோதரர்கள் 1880-இல் கண்டனர். மின்சாரம் தந்தால் அப்படிகங்கள் அதிரும். கையில் பிடிக்கும் புரோப்பினுள் இத்தகைய சிறு படிகங்கள் வரிசையாக உள்ளன. நொடிக்கு 35 இலட்சம் அதிர்வுள்ள ஒலித் துடிப்பை உடலுக்குள் அனுப்பி, மறுகணம் எதிரொலிக்காகக் காத்திருக்கின்றன. மெல்திசுக்களில் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 1,540 மீட்டர். நான் நீரில் அளந்ததற்கு மிக அருகில். எதிரொலி வர 65 மைக்ரோநொடி ஆயிற்று என்றால், போய்வந்த தொலைவு 10 சென்டிமீட்டர். எனவே ஆழம் 5 சென்டிமீட்டர். சிறுநீர் ஒரே சீரான நீர்மம். அதனுள் எதிரொலி எழாது. ஆதலால் திரையில் சிறுநீர்ப்பை கரிய குளம்போலத் தெரிகிறது. அதன் அடி விளிம்பு வெண்கோடாக மிளிர்கிறது.

தோலில் ஜெல் தடவுவது வழுக்குவதற்கு மட்டும் அன்று. காற்றிலிருந்து உடலுக்குள் நுழைய முயலும் மீயொலியில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்குதான் உள்ளே செல்லும்; எஞ்சியது திரும்பிவிடும். இடையிலுள்ள மெல்லிய காற்றுப் படலத்தை ஜெல் நீக்குகிறது.

கிளாஸ்கோ நகரின் மகப்பேற்று மருத்துவர் இயன் டொனால்டு, உலோகத்தில் பிளவு தேடும் தொழிற்சாலைக் கருவியை வயிற்றின்மேல் வைத்துப் பார்த்து, 1958-இல் தம் முடிவுகளை வெளியிட்டார். திருச்சியில் கொதிகலன் பற்றவைப்பைச் சோதிப்பதும் இதே ஒலியின் வேலைதான். தசைகளின் இயக்கத்தைப் பார்த்து மறுவாழ்வுப் பயிற்சி தருவதற்கு இதைப் பயன்படுத்துவோர் 2006-இல் அமெரிக்காவின் சான் அன்டோனியோ நகரில் கூடி, இத்துறைக்கென்று பெயரும் எல்லையும் வகுத்தனர்.

இனி நான் கண்டதைச் சொல்கிறேன். இளம் மருத்துவர் புரோப்பை அன்னையின் அடிவயிற்றில் வைத்தார். இயன்முறை மருத்துவர், "இப்ப இறுக்குங்கம்மா" என்றார். திரையில் வெண்கோடு மேலே எழுந்தது. "நல்லா செய்றீங்களே!" என்றார் இளம் மருத்துவர். மூன்று மாதம் செய்து கசிவு கூடியவர் நன்றாகச் செய்கிறாரா? எனக்குப் புரியவில்லை. மூத்த மருத்துவர் திரையைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இறுக்குங்கன்னு சொன்னதும் நீயும் சேர்ந்து அழுத்துறம்மா. கையைத் தளர்த்து. சுண்டுவிரலை அவங்க இடுப்புல ஊன்றிக்கோ" என்றார். பிறகு தாமே புரோப்பைப் பிடித்தார். மீண்டும் அன்னை இறுக்கினார். வெண்கோடு தெளிவாகக் கீழே இறங்கியது.

நண்பர்களே! ஓடும் பேருந்திலிருந்து பார்த்தால் புளியமரங்கள் ஓடுகின்றன. முதலாண்டில் சார்பியக்கம் என்று படித்தது இதுவே. திரையிலுள்ள படம் புரோப்பிலிருந்து அளந்த தொலைவு. கை ஒரு சென்டிமீட்டர் உள்ளே அமுங்கினால், அசையாத சிறுநீர்ப்பையும் ஒரு சென்டிமீட்டர் மேலே வந்ததாகத் திரை சொல்லும். வயிறு புடைத்துக் கையை வெளியே தள்ளினால் கீழே போனதாகச் சொல்லும். இங்கு நாம் தேடும் அசைவோ சில மில்லிமீட்டர்தான். படத்தில் நிலையான எலும்பு ஒன்றும் இல்லாததால், எது அசைந்தது என்று படம் தானாகச் சொல்லாது. கைதான் அசையாமல் இருந்தாகவேண்டும்.

இந்த நுட்பத்தைப் புத்தகத்தில் படித்துத் தேற முடியாது. ஒரு கருவியைச் சுற்றிச் சிலர் நின்று, ஒருவர் வயிற்றை ஒருவர் பார்த்து, பக்கத்தில் இருப்பவர் மணிக்கட்டைப் பிடித்துத் திருத்தக் கற்கவேண்டிய கைத்தொழில் இது. புரோப்பைச் சற்றுச் சாய்த்தால் வேறோர் உறுப்பு வருகிறது. ஒளிர்வைக் கூட்டினால் விளிம்பு தடித்துப் பொய்யளவு தருகிறது. கொத்தனார் ரசமட்டம் பிடிப்பதைப் பார்த்திருப்பவர்களுக்கு இது விளங்கும் என்று அன்னை பின்னர் சொன்னார். என்னைவிட அவர் விரைவாகப் புரிந்துகொண்டார்.

அடுத்து, அன்னையின் இசைவைக் கேட்டு, உறையிட்ட புரோப்பைக் கீழ்ப்புறமாக, உடலின் வெளியே வைத்துப் பார்த்தார்கள். அப்போது நான் தலைப்பக்கம் நின்று கையைப் பிடித்துக்கொண்டேன். இம்முறையில் இடுப்பின் முன்பக்க எலும்பும் படத்துக்குள் வந்துவிடுகிறது. அசையாத எலும்பிலிருந்து அளப்பதால் கையின் பிழை குறைகிறது. சிட்னியில் ஹான்ஸ் பீட்டர் டீட்ஸ் என்னும் மருத்துவர் இம்முறையைப் பெரிதும் வளர்த்திருக்கிறார். சரியாகச் சுருக்கினால் சிறுநீர்ப்பையின் கழுத்து முன்னோக்கி மேலே செல்லும். அன்னைக்கு அது பின்னோக்கிக் கீழே சென்றது. மூன்று மாத உழைப்பு எங்கே போனது என்பதைத் திரையில் பார்த்தோம்.

"மூச்சை அடக்காதீங்கம்மா. சபையில வாயு வந்தா அடக்குவீங்கல்ல, அப்படி" என்றார் இயன்முறை மருத்துவர். அன்னை சிரித்துவிட்டார். திரையைத் திருப்பி அவர் கண்ணுக்கு நேரே வைத்தார்கள். ஆறேழு முறை தவறியபின், கழுத்து லேசாக மேலே அசைந்தது. "இதுவா அது!" என்றார் அன்னை. எழுத்துக் கூட்டத் தெரியாத அவர் அந்தப் படத்தைப் படித்துவிட்டார்.

கருவியை வானளாவப் புகழ நான் வரவில்லை. 2020-இல் பிரிட்டனில் 600 பெண்களிடம் நடந்த ஆய்வு ஒன்றின் முடிவு வெளியாயிற்று. தசையின் மின்குறிப்பைத் திரையில் காட்டும் வேறொரு கருவியைப் பயிற்சியுடன் சேர்த்துத் தந்தவர்களுக்கும், தேர்ந்த பயிற்றுநரிடம் வெறும் பயிற்சி மட்டும் பெற்றவர்களுக்கும் இரண்டாண்டு முடிவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. அது மீயொலி அன்று என்றாலும், எதைக் காட்டினாலும் கற்பிப்பவர்தான் முதன்மை என்று நான் அதிலிருந்து கொள்கிறேன். தேர்ந்தவர் விரலால் தொட்டே இத்தசையைச் சோதிக்கலாம். அதற்கு இசையாதவர்க்கும், தசையைக் கண்டுபிடிக்கவே இயலாதவர்க்கும் மீயொலி பெருந்துணை.

பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் இயன்முறை மருத்துவர்களே இக்கருவியைக் கற்றுக் கையாளுகின்றனர். நம் நாட்டில் நிலை வேறு. கருவின் பாலினம் அறிந்து அழிப்பதைத் தடுக்க 1994-இல் இயற்றி 2003-இல் திருத்திய சட்டத்தின்படி, ஸ்கேன் கருவி உள்ள இடம் பதிவு பெற்றிருக்கவேண்டும். கையாள்பவருக்கும் தகுதி வரையறுக்கப்பட்டுள்ளது. எம்.பி.பி.எஸ். மருத்துவர்களுக்கான ஆறு மாதப் பயிற்சி விதிகள் 2014-இல் வந்தன. வீட்டில் மூன்றாவதும் பெண்ணாகப் பிறந்த நான் இச்சட்டத்தைக் குறைகூற மாட்டேன். ஆனால் அதன் விளைவாக, பயிற்சி சொல்லத் தெரிந்தவர் கையில் கருவி இல்லை. கருவி உள்ளவர்க்குப் பயிற்சி சொல்ல நேரமில்லை. நான் கண்ட அறையில் இருவரும் ஒன்றாக நின்றதால்தான் காரியம் நடந்தது. மருத்துவர்க்கான அந்த ஆறு மாதப் பயிற்சியில், குழந்தையைத் தேடும் கை ஒருசில நாளேனும் தாயின் தசையைத் தேடவும் பழகவேண்டும் என்பது என் கருத்து. மருத்துவம் படிக்கச் செல்லும் நம் ஊர்ப் பிள்ளைகள் இதை நினைவில் வைக்கலாம்.

நான்கு மாதம் ஆயிற்று. கசிவு முற்றும் நிற்கவில்லை. பளு தூக்கும் நாளில் இன்னும் உண்டு. இருமலுக்கு நின்றுவிட்டது. சென்ற வாரம் எதிர்வீட்டு அத்தையை அன்னையே அந்த மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். நான் கல்லூரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். "வெறும் வயித்தோட வராத மதினி, போனதும் நிறையத் தண்ணி குடிக்கணும். பயப்படாத, நான் பக்கத்துல இருக்கேன்" என்று வாசலில் நின்று சொல்லிக்கொண்டிருந்தார். இருவரும் பேருந்தில் உட்கார்ந்தே போனார்கள்.